காதில் விழாத இடைவெளி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரியை அடுத்த ஒரு மாம்பழ மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். கணினிப் பட்டம் எதுவும் கிடையாது. ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கு இடும் கட்டளைகளின் வரிசை, எழுதுவதை நாற்பது வயதுக்கு மேல் தட்டுத்தடுமாறிக் கற்றேன். அந்தத் தடுமாற்றத்தைச் சொல்லத்தான் அழைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

புளியம்பழத்துக்கு ஓடு இருப்பதுபோல, இயங்குதளத்தின் உட்கருவுக்கு மேல் இருக்கும் ஓடுதான் ஷெல். நாம் தட்டச்சு செய்யும் கட்டளையை வாங்கி உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் பலரும் பயன்படுத்தும் பாஷ் என்ற ஷெல் 1989-இல் வந்தது.

பருவக் காலத்தில் எங்கள் எடைமேடைக் கணினி ஒவ்வொரு லோடுக்கும் ஒரு வரி எழுதி, தனிக் கோப்பாகச் சேமிக்கும். பெங்களூரா எத்தனை லோடு, செந்தூரா எத்தனை லோடு என்று மாலையில் முதலாளி கேட்பார். நான் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். கிரெப் என்ற கட்டளை ஒரு சொல் வரும் வரிகளை மட்டும் பொறுக்கித் தரும். டபிள்யூ சி என்ற கட்டளை வரிகளை எண்ணும். இரண்டுக்கும் நடுவே ஒரு நெட்டுக்கோடு போட்டால், முதலாவது தருவதை இரண்டாவது வாங்கிக்கொள்ளும். அந்தக் கோட்டுக்குப் பெயர் பைப். நிரல்களைத் தோட்டத்து ரப்பர் குழாய்களைப்போல ஒன்றோடொன்று மாட்ட வேண்டும் என்று பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் 1964-லேயே எழுதினார். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் அது நடைமுறைக்கு வந்தது 1973-இல். சொட்டுநீர்க் குழாய் மாட்டிய கைக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

தினமும் அடிக்கும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, அதற்கு இயங்கும் அனுமதி கொடுத்தால் ஸ்கிரிப்ட் தயார். அவ்வளவுதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதை வானொலியில் சொல்வதும் கடினம், ஏனென்றால் அது காதில் விழாது. சொற்களுக்கு நடுவே விடும் வெற்றிடத்தைச் சொல்கிறேன்.

என்னிடம் இரண்டு கோப்புறைகள் இருந்தன. ஒன்றின் பெயர் 'சீட்டு', நடப்புப் பருவத்துக் கணக்கு. மற்றது 'சீட்டு பழையது'. பழையதை நீக்க, ஆர் எம் கட்டளையை உள்ளிருப்பதையும் சேர்த்து அழிக்கச் சொல்லி, மேற்கோள்குறி இல்லாமல் பெயரை எழுதினேன். ஷெல் இடைவெளியில் வெட்டி அதை இரண்டு பெயர்களாகப் படித்தது. 'சீட்டு' என்பதை அழித்தது. 'பழையது' என்று எதுவும் இல்லை என முறையிட்டது. அழிக்க வேண்டியது பத்திரமாக இருந்தது! ஆர் எம் அழித்தது குப்பைத்தொட்டிக்கும் போகாது. காகிதச் சீட்டுகளை வைத்து இரண்டு இரவு உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்தேன்.

சந்தேகம் வந்தால் கட்டளைக்கு முன், கொடுத்ததை அப்படியே திரையில் காட்டும் எக்கோ என்ற கட்டளையைப் போட்டுப் பார் என்று சொல்லித் தருவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் இந்தப் பிழையை எக்கோ காட்டிக்கொடுக்காது. ஒரு பெயரானாலும் இரண்டு பெயரானாலும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆர் எம் இருக்கும் இடத்தில், கோப்புகளைப் பட்டியலிடும் எல் எஸ் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். எந்தக் கோப்புறை மாட்டப்போகிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

இடைவெளியின் குறும்பு அதோடு நிற்கவில்லை. மாறிக்கு, அதாவது ஒரு மதிப்பைச் சேமித்துவைக்கும் பெயருக்கு, மதிப்புக் கொடுக்கும்போது சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. விட்டால், மாறியின் பெயரையே கட்டளை என்று நினைத்துத் தேடும். 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று நிபந்தனை போடும் இஃப் எழுதும்போதோ சதுர அடைப்புக்குறியை அடுத்து இடைவெளி விட்டே ஆக வேண்டும், ஏனென்றால் அந்த அடைப்புக்குறியே ஒரு கட்டளை. இந்த ஒரு விவரத்தை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

ஆண்ட்ராய்டு கைபேசியில் டெர்மக்ஸ் என்ற செயலியை நிறுவினாலே ஷெல் கிடைத்துவிடும். இன்றிரவு முயல்வதானால், காலியாக ஒரு கோப்புறையை உருவாக்கி, வேண்டாத கோப்புகள் நாலைந்தை அதில் போட்டு, அதற்குள் விளையாடுங்கள். பெயரில் இடைவெளி உள்ள கோப்பு ஒன்றாவது அதில் இருக்கட்டும். வணக்கம்.