ஜெர்மன்டவுன் சபையும் ஒரு பழைய தாளும்

(நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது. இடையில் மைக் நின்றுபோன ஐந்து நிமிடங்கள் இதில் இல்லை.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களே, வரவேற்புரை என்ற பெயரில் என் உரையில் பாதியைப் பேசி முடித்துவிட்ட அன்புத் தம்பி செயலாளர் அவர்களே, இந்த நூலகத்தைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவரும் நூலகர் அம்மா அவர்களே, மாலை ஆராதனையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, பின்வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். நகராட்சித் தலைவர் அம்மா வழியில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அவர்களுக்கும் முன்கூட்டியே ஒரு வணக்கம்.

அழைப்பிதழில் ‘ஒரு சிறு சபையின் கதை’ என்று போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தின் ஒரு பகுதியான ஜெர்மன்டவுனில் இருக்கும் மென்னோனைட் சபை அது. அவர்களுடைய வரலாறு, நம்பிக்கை, பாட்டு என்று மூன்றைப் பற்றிப் பேசுவதாக உத்தேசம். என்னை முன்பே கேட்டவர்களுக்குத் தெரியும், நான் எதைப் பேசினாலும் ‘சிறு துரும்பும் பல் குத்த உதவும்’ என்ற பழமொழிக்கு வந்து நிற்பேன். இன்றைக்கும் அப்படித்தான். பதிவறையில் காலம் தள்ளியவனுக்கு வேறு வேதம் கிடையாது.

முதலில் நம்பிக்கை. 1525 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் சில இளைஞர்கள் ஒரு வீட்டில் கூடி, ஒருவருக்கொருவர் மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். விவரம் தெரியாத கைக்குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பதில் அர்த்தமில்லை, வளர்ந்து, தானே விரும்பிக் கேட்பவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இதில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் சபைப் பதிவும் ஊர்ப் பதிவும் ஒன்று. ஞானஸ்நானத்தில் கை வைத்தால் அரசாங்கத்திலேயே கை வைத்த மாதிரி. இரண்டே வருடத்தில், 1527 ஜனவரியில், அவர்களில் ஒருவரான பீலிக்ஸ் மான்ஸை லிம்மாட் ஆற்றில் முக்கிக் கொன்றார்கள். தண்ணீர்தானே கேட்டாய், எடுத்துக்கொள் என்ற வன்மம் அதில் இருந்தது.

அப்புறம் நெதர்லாந்தில் மென்னோ சைமன்ஸ் என்ற கத்தோலிக்கக் குரு 1536இல் தன் பதவியை விட்டுவிட்டு இவர்களோடு சேர்ந்தார். சிதறிக் கிடந்தவர்களைச் சேர்த்து நிறுத்தியவர் அவர். மென்னோனைட் என்ற பெயர் அவரால் வந்தது. ஆயுதம் எடுக்கக் கூடாது. ஆணையிடக் கூடாது, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும். பகைவனுக்கும் நன்மை செய்ய வேண்டும். 1632இல் டோர்ட்ரெக்ட் நகரில் இதையெல்லாம் 18 பிரிவுகளாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கவனியுங்கள், எழுதினார்கள்.

பகைவனுக்கு நன்மை என்று மேடையில் சொல்வது சுலபம். டிர்க் வில்லெம்ஸ் கதையைக் கேளுங்கள்.

நெதர்லாந்தில் ஆஸ்பெரன் என்று ஒரு சின்ன ஊர். இந்த மனிதர் தன் வீட்டில் கூட்டம் நடத்தினார், மறுஞானஸ்நானம் கொடுக்க இடம் கொடுத்தார் என்று பிடித்து அடைத்தார்கள். குளிர்காலம். இவர் துணிகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி, ஜன்னல் வழியாக இறங்கி ஓட்டம் பிடித்தார். காவலாள் ஒருவன் பார்த்துவிட்டான். பின்னாலேயே துரத்துகிறான். எதிரே உறைந்துபோன நீர்நிலை. பனிக்கட்டி மெல்லியது, அங்கங்கே விரிசல். சிறைச் சாப்பாட்டில் மெலிந்திருந்த டிர்க் தட்டுத் தடுமாறி அக்கரை சேர்ந்துவிட்டார். துரத்தியவன் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவன் போலிருக்கிறது. பனி உடைந்து உள்ளே போய்விட்டான். (சிரிப்பு) சிரிக்காதீர்கள், அவன் உயிருக்குப் போராடுகிறான். கத்துகிறான். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? கடவுள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாக ஓடுவோம். இந்த மனிதர் நின்றார். திரும்பினார். அதே பனிமேல் நடந்து வந்து, கையை நீட்டி, அவனை இழுத்துப் போட்டார்.

காவலாளுக்கு மனம் கேட்கவில்லை, இவரை விட்டுவிடலாம் என்றான். அக்கரையில் நின்ற நகரத் தலைவர் ‘நீ செய்த சத்தியத்தை நினைத்துப் பார்’ என்று அதட்டினார். பிடித்தார்கள். 1569 மே 16 அன்று ஊருக்கு வெளியே உயிரோடு எரித்தார்கள். அன்றைக்குக் கிழக்குக் காற்று பலமாக அடித்ததால் தீ மேலே ஏறாமல் ஒருபக்கம் சாய்ந்தது. சாவு நெடுநேரம் இழுத்தது. பக்கத்து ஊரான லேர்டாமில் இருந்தவர்களுக்கு அவர் எழுபது தடவைக்கு மேல் ‘என் ஆண்டவரே’ என்று கூப்பிட்டது கேட்டதாம்.

வாங்கம்மா, வாங்க. நகராட்சித் தலைவர் அம்மா இப்போதுதான் மேடைக்கு வருகிறார்கள். எல்லோரும் கை தட்டுங்கள். எத்தனையோ பணிகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கிறார்கள். மழைநீர் வடிகால் வேலையில் அவர்கள் காட்டிய வேகம் எல்லோருக்கும் தெரியும். பொன்னாடை பிறகு போர்த்தலாம் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். சரி.

எங்கே விட்டேன்? டிர்க். சாதாரண ஆள், பட்டம் பதவி எதுவும் இல்லை. அவர் கதை நமக்கு எப்படிக் கிடைத்தது? அவரைக் கொல்லச் சொன்ன நீதிமன்றம் தீர்ப்பை எழுதி வைத்தது. அந்தத் தீர்ப்பின் நகலை 1660இல் டச்சு மொழியில் வந்த ‘தியாகிகளின் கண்ணாடி’ என்ற பெரிய புத்தகத்தில் அப்படியே சேர்த்தார்கள். கொன்றவர்களின் குமாஸ்தா ஒழுங்காக பைல் வைத்திருந்தான், அதனால் கொல்லப்பட்டவர் பிழைத்தார்! பதிவறைக்காரன் இதைச் சொல்லிப் பெருமைப்படாமல் இருக்க முடியுமா?

இப்போது ஜெர்மன்டவுன். 1683 அக்டோபர் 6 அன்று ‘கான்கார்ட்’ கப்பலில் ஜெர்மனியின் கிரேபெல்டு ஊரைச் சேர்ந்த 13 குடும்பங்கள் பிலடெல்பியாவில் வந்து இறங்கின. பெரும்பாலும் நெசவாளிகள். மென்னோனைட் வேர் உள்ள குடும்பங்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே குவேக்கர்களாக, அதாவது இவர்களைப் போலவே ஆயுதம் எடுக்காத இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினராக, மாறியிருந்தார்கள். சபையின் முதல் போதகரான வில்லியம் ரிட்டன்ஹவுஸ் பின்னால் வந்து சேர்ந்தவர். தொழிலால் காகிதம் செய்பவர். 1690இல் அங்கே ஓர் ஓடைக்கரையில் காகித ஆலை வைத்தார். அமெரிக்காவின் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அதுதான் முதல் காகித ஆலை.

அப்போதெல்லாம் காகிதம் மரக்கூழில் வராது. கந்தல் துணியில் வரும். நெசவாளி நெய்த லினன் துணி, உடுத்திக் கிழிந்து, அடுப்பு துடைத்து, கடைசியில் ஆலைக்கு வரும். அதைக் கிழித்து, ஊறப்போட்டு, தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடும் உலக்கைகளால் கூழாக இடித்து, கம்பிச் சல்லடை அச்சில் அள்ளி, தண்ணீரை வடித்து, கம்பளித் துணிகளுக்கு நடுவே வைத்து அழுத்தி, ஒவ்வொரு தாளாகக் கொடியில் காயப்போட வேண்டும். ஊரார் எறிந்த கந்தலில் பைபிள் அச்சடிக்கலாம். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்றால் என்னைக் கேலி செய்கிறீர்களே!

1708இல் மரக்கட்டையால் ஒரு கூடுமிடம் கட்டினார்கள். அந்த வருடம் 11 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1770இல் கட்டிய கல் கட்டடம் இன்றும் ஜெர்மன்டவுன் அவென்யூவில் நிற்கிறது. கோபுரம் கிடையாது. வீடு மாதிரிதான் இருக்கும்.

ஆனால் நான் பேச வந்தது 1688 பற்றி. அந்த வருடம் ஏப்ரலில் இந்த ஊரில் நான்கு பேர் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். பிரான்சிஸ் டேனியல் பாஸ்டோரியஸ், காரட் ஹெண்ட்ரிக்ஸ், டெரிக், ஆபிரகாம் என்ற ஓப் டென் கிராப் சகோதரர்கள். இந்தச் சகோதரர்களின் தாத்தாதான் டோர்ட்ரெக்டில் அந்த 18 பிரிவுகளில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். மனு குவேக்கர் கூட்டத்துக்குப் போனது, மென்னோனைட் சபையின் பெயரில் இல்லை. அதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் ரத்தம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

மனு கேட்டது இது: கடலில் வரும்போது துருக்கியர் நம்மைப் பிடித்து அடிமையாக விற்றுவிடுவார்களோ என்று நடுங்குகிறோமே, இங்கே கறுப்பு மனிதர்களை விலைக்கு வாங்கும் நாம் எந்த விதத்தில் அவர்களைவிட மேல்? நமக்கு என்ன செய்யப்பட வேண்டும் என்று விரும்புகிறோமோ அதையல்லவா பிறருக்குச் செய்ய வேண்டும்? பிரிட்டிஷ் அமெரிக்காவில் அடிமைமுறைக்கு எதிராக வெள்ளையர் எழுதி வைத்த முதல் கண்டனங்களில் ஒன்று இது.

என்ன ஆயிற்று தெரியுமா? மாதக் கூட்டம், விஷயம் கனமானது என்று காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. காலாண்டுக் கூட்டம் வருடாந்தரக் கூட்டத்துக்குத் தள்ளியது. அவர்கள் எடுத்து வைத்துவிட்டார்கள். நம் ஊர் அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பிலடெல்பியாக் குவேக்கர்கள் தங்கள் உறுப்பினர்கள் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானித்தது 1776இல். 88 வருடம்!

நடுவில் அந்தத் தாள் காணாமல் போனது. 1844இல் கண்டெடுத்து, அடிமை ஒழிப்புக்காரர்கள் அச்சிட்டுப் பரப்பினார்கள். மறுபடியும் காணவில்லை. 2005இல் பிலடெல்பியாவில் ஆர்ச் தெருக் கூடுமிடத்தின் பெட்டக அறையில் மீண்டும் கிடைத்தது. இப்போது ஹாவர்போர்டு கல்லூரியில் பத்திரமாக இருக்கிறது.

எல்லாத் தாளுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. டிர்க் கதை உள்ள அந்தப் பெரிய புத்தகத்தைப் பென்சில்வேனியா மென்னோனைட்டுகளுக்காக எப்ராட்டா என்ற மடத்துக்காரர்கள் ஜெர்மனில் மொழிபெயர்த்து 1748இல் அச்சிட்டார்கள். 15 பேர், மூன்று வருட உழைப்பு, 1300 பிரதிகள். அமெரிக்கச் சுதந்திரப் போர் வந்ததும், பைண்டு செய்யாமல் கிடந்த தாள்களைப் படைவீரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். எதற்கு? துப்பாக்கித் தோட்டா சுற்ற! கத்தி எடுக்காதே என்ற புத்தகத்தில் மருந்து சுற்றினார்கள். மறுவருடம், 1777 அக்டோபரில், சண்டை ஜெர்மன்டவுன் தெருவுக்கே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு சபை பல தடவை மெலிந்து, மறுபடி தளிர்த்திருக்கிறது. ஒருபால் ஈர்ப்புள்ளவர்களை உறுப்பினராக ஏற்றதற்காக 1997இல் அவர்களுடைய வட்டாரச் சபைகளின் கூட்டமைப்பு இந்தச் சபையை விலக்கிவிட்டது. அதன் பிறகு அவர்கள் தனியாகத் தொடர்ந்தார்கள். அதற்கு ஒரு முழு மாலை வேண்டும். பாட்டைப் பற்றியும் சொல்வதாகச் சொன்னேன். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், விட்டுவிடுகிறேன்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் எத்தனை கோயில் கணக்குகள், சபை ஞானஸ்நானப் பதிவேடுகள், நெசவாளர் சங்க மினிட் புத்தகங்கள், கைமாற்றுச் சீட்டுகள் பரணில் கிடக்கின்றன? வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது மூட்டை கட்டிப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடுகிறோம். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்திலும் ஒரு அலமாரி முழுக்க அப்படிப் போனது. தடுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அதில் யாருடைய மனு இருந்ததோ. சிறு துரும்பும் பல் குத்த உதவும், ஆனால் துரும்பு கையில் இருக்க வேண்டுமே.

தாளாளர் ஐயா பள்ளியில் ஓர் அறை தருவதாக என்னிடம் சொல்லியிருக்கிறார். மேடையிலேயே அறிவித்துவிட்டேன், இனி அவர் மாற முடியாது. ஸ்கேனருக்கு நகராட்சித் தலைவர் அம்மாவிடம் விண்ணப்பம் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். போதகர் ஐயா தம் சபையின் பதிவேடுகளை முதலில் தர வேண்டும், பிரதி எடுத்ததும் திருப்பித் தருகிறோம். மற்றவர்கள் உங்களிடம் உள்ளதை ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் நூலகத்தில் கொடுங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், தாளில் ஒட்டிக்கொள்ளும். செலோடேப் வேண்டவே வேண்டாம். கரையான் அரித்ததைத் தட்டிச் சுத்தம் செய்யாமல் அப்படியே எடுத்து வாருங்கள். பெயர் எழுத மேசையருகே நோட்டு வைத்திருக்கிறேன், போகும்போது எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.