3 கிலோமீட்டர் ஆழத்துல கல்ல எப்படி உடைக்கிறாங்க? எண்ணெய்க் கிணறும் ஃப்ராக்கிங்கும்

[திரையில்: ராத்திரி நேரம், லைட் போட்ட ஒரு ரிக்]

வணக்கம் மக்களே. போர் போடுற லாரிய பாக்காதவங்க யாரும் இருக்க மாட்டீங்க, ராத்திரி பூரா கத்திட்டு விடியறப்ப தெருவையே வெள்ளையாக்கிட்டு கிளம்பிடும். அந்த வெள்ளப் புழுதி என்னன்னா, கம்ப்ரஸர் காத்த உள்ள அடிச்சு, உடைஞ்ச கல்லுத் தூள மேல தள்ளுது, அவ்வளவுதான். தண்ணிக்கு அது போதும். ஆனா இன்னைக்கு நாம பாக்கப்போறது அமெரிக்காவுல, மேற்கு டெக்சாஸ்ல பெர்மியன் பேசின்னு ஒரு ஏரியா, அங்க போடுற எண்ணெய்க் கிணறு. ரெண்டரை மூணு கிலோமீட்டர் நேரா கீழ போயி, அங்கிருந்து படுக்கையா திரும்பி, இன்னொரு மூணு கிலோமீட்டர் கல்லுக்குள்ளயே போவாங்க. அப்புறம் தண்ணிய பயங்கர அழுத்தத்துல அடிச்சு அந்தக் கல்லயே உடைப்பாங்க, அதுக்குத்தான் ஃப்ராக்கிங்னு பேரு. ஆனா முதல்ல தோண்டணும், அவ்வளவு ஆழத்துக்கு காத்து பத்தாது. சேறு வேணும்.

சேறுன்னு நான் சும்மா சொல்லல, ரிக்ல, அதாவது கிணறு தோண்டுற கோபுரத்துல, வேலை பாக்குறவங்களே அத மட்டுன்னுதான் சொல்றாங்க. தண்ணியிலயோ டீசல் மாதிரி எண்ணெயிலயோ பென்டோனைட் களிமண்ணு, பேரைட்னு ஒரு கனமான தாதுத் தூள் எல்லாம் கலந்து, டிரில் பைப்போட உள்பக்கம் வழியா கீழ அனுப்புவாங்க. அடியில கல்ல அரைக்கிற முனை, அதான் பிட், அதுல இருக்குற ஓட்டை வழியா பீச்சிட்டு வெளிய வந்து, பைப்புக்கும் கிணத்துச் சுவருக்கும் நடுவுல இருக்குற சந்து வழியா கல்லுத் தூள தூக்கிட்டு மேல வரும். மேல ஷேல் ஷேக்கர்னு ஒரு ஆடுற சல்லடை இருக்கும், அதுல தூள் தனியா நின்னுடும், சேறு திரும்ப தொட்டிக்குப் போயி மறுபடி கீழ போகும். அந்த சல்லடையில நிக்கிற தூள ஒருத்தர் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவ அள்ளி, கழுவி, மைக்ராஸ்கோப்ல வச்சு பாப்பாரு, இப்ப பிட் எந்த கல்லுல இருக்குன்னு அதுல ஓரளவு தெரிஞ்சிடும். அந்த வேலைக்கு மட் லாகர்னு பேரு.

பிட்ட குளிர வைக்கிறது, தூள மேல கொண்டு வர்றது, இதெல்லாம் விட அந்தச் சேறுக்கு பெரிய வேலை ஒண்ணு இருக்கு. கீழ கல்லுக்குள்ள எண்ணெயும் கேஸும் பயங்கர அழுத்தத்துல இருக்கும், ஓட்டை கிடைச்சா போதும்னு மேல ஏறப் பாக்கும். அத அமுக்கி வைக்கிறது இந்தச் சேத்தோட எடைதான். 3000 மீட்டருக்கு வெறும் தண்ணி நின்னாலே அடியில 4200 பிஎஸ்ஐக்கு மேல அழுத்தம் இருக்கும், அது பத்தலன்னா பேரைட்ட கூட்டுவாங்க. ரொம்ப கூட்டினாலும் ஆபத்து, கல்லு வெடிச்சு சேறு அதுக்குள்ளயே போயிடும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. குறைஞ்சா கேஸ் உள்ள நுழையும், அதுக்கு கிக்னு பேரு, கவனிக்காம விட்டா எல்லாம் கட்டுக்கடங்காம மேல பீச்சி அடிக்கும், அதான் ப்ளோஅவுட். 1901 ஜனவரி 10-ம் தேதி டெக்சாஸ்ல ஸ்பிண்டில்டாப்ல எண்ணெய் கோபுரத்துக்கு மேல பீச்சி அடிச்ச போட்டோவ இன்னும் எல்லாரும் பெருமையா போடுறாங்க, ஆனா ரிக்ல வேலை பாக்குறவன கேட்டா அது விபத்துன்னுதான் சொல்லுவான். இப்ப கிணத்து வாயில ப்ளோஅவுட் ப்ரிவென்டர்னு பெரிய பெரிய வால்வு அடுக்கி வச்சிருக்காங்க, தேவைப்பட்டா பைப்பையே வெட்டி வாய மூடிடும். மூடணும். 2010 ஏப்ரல் 20-ம் தேதி மெக்சிகோ வளைகுடாவுல டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்ல அடியில போட்ட சிமெண்ட்டும் பிடிக்கல, அந்த வால்வும் மூடல, 11 பேர் செத்தாங்க.

[திரையில்: கிணற்றின் குறுக்குவெட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக கேசிங்]

சிமெண்ட்னு சொன்னேன்ல, இந்த வீடியோல ஒரே ஒரு விஷயத்த மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்னா அத வச்சுக்கோங்க. கிணத்த ஒரே மூச்சுல தோண்ட மாட்டாங்க. முதல்ல குடிதண்ணி இருக்குற அடுக்க தாண்டுற வரைக்கும் அகலமா தோண்டி, கேசிங்னு ஒரு பெரிய ஸ்டீல் குழாய உள்ள இறக்கி, அந்த கேசிங்குக்குள்ள சிமெண்ட்டு கரைசல ஊத்தி, அதுக்குப் பின்னாடி ஒரு ரப்பர் ப்ளக்க வச்சு சேறு விட்டு தள்ளுவாங்க. சிமெண்ட் அடியில போயி, திரும்பி, வெளிப்பக்கச் சந்துல மேல ஏறும். தரைக்கு சிமெண்ட் வந்து சேர்ந்துச்சான்னு பாத்து, இறுகுறதுக்கு நேரம் விட்டு, பிரஷர் ஏத்தி ஒழுகுதான்னு சோதிச்சப்புறம்தான் அதுக்குள்ள சின்ன பிட்ட விட்டு அடுத்த பகுதிய தோண்டணும். இப்படி மூணு, சில இடத்துல நாலு கேசிங் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. கேசிங்குக்கு வெளிய இருக்குற சந்துல, மேல ஏறப் பாக்குற கேஸுக்கும் குடிதண்ணிக்கும் நடுவுல இருக்குற தடுப்பு அந்த மெல்லிசான சிமெண்ட் வளையம்தான். வேற ஒண்ணும் கிடையாது.

சரி, எதுக்கு படுக்கையா திரும்பணும்? எண்ணெய் பூமிக்கு அடியில ஏரி மாதிரி நிக்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறோம், அப்படி இல்ல. பழைய காலத்து கிணறெல்லாம் மணற்கல், சுண்ணாம்புக்கல் மாதிரி கல்லுல போட்டது, அந்தக் கல்லோட சின்னச் சின்ன துளையில எண்ணெய் ஊறி நிக்கும், துளைக்கும் துளைக்கும் வழி இருக்கும், குத்தினா தானா வரும். 1859-ல பென்சில்வேனியாவுல டைட்டஸ்வில்ல டிரேக் போட்ட கிணறு வெறும் 21 மீட்டர்தான்! ஆனா எண்ணெய் உண்டானது அந்தக் கல்லுல இல்ல, அதுக்குக் கீழ இருக்குற ஷேல்ல. கடலடியில படிஞ்ச சேறும் செத்த பாசியும் கோடிக்கணக்கான வருஷம் அமுங்கி வெந்து உண்டான கல்லு அது. அதுல எண்ணெய் நிறையவே இருக்கு, ஆனா துளைக்குத் துளை வழியே கிடையாது, நேரா ஒரு ஓட்டை போட்டா அந்த அடுக்கோட கனம், அம்பதோ நூறோ மீட்டர், அவ்வளவுதான் கிணத்துக்குத் தொடும். படுக்கையா போனா மூணு கிலோமீட்டர் தொடும்.

திரும்புறதுன்னா ஸ்டீல் பைப்ப எப்படி வளைக்கிறதுன்னு கேப்பீங்க. ஒரேடியா வளைக்கல, 30 மீட்டருக்கு ஒரு பத்து டிகிரின்னு போனா பைப் தாராளமா வளையும். பிட்டுக்குப் பின்னாடி லேசா கோணலான ஒரு மோட்டார் இருக்கும், சேத்தோட ஓட்டத்துலயே சுத்துற மோட்டார், மொத்தப் பைப்பையும் சுத்தாம நிறுத்தி வச்சுட்டு இந்த மோட்டார மட்டும் சுத்தவிட்டா அந்தக் கோணல் பாக்குற திசையில கிணறு திரும்பும். கீழ சென்சார் இருக்கு, ஆனா மேல வரைக்கும் ஒயர் கிடையாது, அதனால அது சேத்துலயே விட்டு விட்டு அழுத்தத் துடிப்பா தகவல் அனுப்பும், மேல கம்ப்யூட்டர் அத படிச்சு கோணமும் திசையும் சொல்லும். கூடவே காமா கதிர் அளக்குற கருவியும் போகும், ஷேல்ல அது கூடுதலா காட்டும், அத வச்சு அடுக்க விட்டு பிட் விலகாம ஓட்டுறாங்க. எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்ப பிடிச்ச இடம் இதுதான், ஃப்ராக்கிங்க பத்தி எல்லாரும் பேசுறாங்க, இத பத்தி யாரும் பேசுறதில்ல.

[திரையில்: வரிசையாக நிற்கும் பம்ப் லாரிகள்]

தோண்டி முடிச்சாச்சு, கடைசி கேசிங்கும் சிமெண்ட்டும் போட்டாச்சு, ரிக் வேற இடத்துக்கு போயிடுச்சு. இப்பதான் ஃப்ராக்கிங் ஆளுங்க வருவாங்க. பதினஞ்சு இருபது பம்ப் லாரி, ஒவ்வொண்ணும் 2000 குதிரைத்திறனுக்கு மேல. முதல்ல கிணத்தோட கடைசி முனையில ஆரம்பிப்பாங்க. பெர்ஃபரேட்டிங் கன்னுன்னு ஒரு குழாய் நிறைய வெடிமருந்து வச்சு, ஒயர்ல கட்டி, தண்ணி விட்டு தள்ளி உள்ள கொண்டு போயி வெடிப்பாங்க, கேசிங்கயும் சிமெண்ட்டையும் துளைச்சு கல்லுக்குள்ள ஓட்டை விழும். அப்புறம் அந்த ஓட்டை வழியா நிமிஷத்துக்கு 14,000 லிட்டர் வேகத்துல தண்ணிய அடிப்பாங்க, மேல பம்ப் பிரஷரே 9000 பிஎஸ்ஐ பக்கம்.

ஒரு வேன்குள்ள நாலஞ்சு பேர் ஸ்கிரீனயே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. பிரஷர் கோடு ஏறும், ஏறும், ஏறிட்டே இருக்கும், திடீர்னு சரிஞ்சு கீழ இறங்கும். கல்லு விட்டுடுச்சுன்னு அர்த்தம். அந்த விரிசல் சில மில்லிமீட்டர் அகலம்தான், பம்ப்ப நிறுத்தினா சுத்தி இருக்குற பாறையோட அமுக்கமே அத திரும்ப மூடிடும், அதனால தண்ணியோட மணல கலந்து அனுப்புறாங்க, மணல் விரிசலுக்குள்ள போயி அப்படியே நின்னு முட்டுக் கொடுக்கும். மணல கூட்டிக் கூட்டி விடணும், அவசரப்பட்டா வழியிலயே அடைச்சிக்கும், அப்ப அதே கோடு செங்குத்தா எகிறும், ஸ்கிரீன்அவுட்னு சொல்லுவாங்க, உடனே பம்ப் எல்லாத்தையும் நிறுத்தலன்னா பைப் கிழிஞ்சிடும். ஒரு பகுதி முடிஞ்சதும் ஒரு ப்ளக்க வச்சு அடைச்சிட்டு, கொஞ்சம் பின்னாடி வந்து மறுபடி வெடி, மறுபடி தண்ணி. ஒரு கிணத்துல நாப்பது அம்பது தடவ இப்படி.

விரிசல் எந்தப் பக்கம் போகும்ங்கிறது நம்ம கையில இல்ல. அந்த ஆழத்துல மேல இருந்து வர்ற பாரம்தான் ஜாஸ்தி, பக்கவாட்டுல ஒரு திசையில அமுக்கம் கம்மி, விரிசல் அந்தத் திசையில வாய திறக்கும், அதனால நிமிந்து நிக்கிற தகடு மாதிரி பரவும். இது தெரிஞ்சுதான் கிணத்தயே அமுக்கம் கம்மியான திசையில ஓட்டுவாங்க, அப்ப ஒவ்வொரு விரிசலும் கிணத்துக்கு குறுக்க நிக்கும். பக்கத்துல பழைய கிணறு இருந்தா சில சமயம் விரிசல் அதுல போயி இடிச்சிடும், அந்தக் கிணத்துக்காரன் போன் பண்ணி சண்டை போடுவான்.

கல்ல உடைக்கிற எண்ணம் புதுசு கிடையாது. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல குண்டு தண்ணியில விழுந்து வெடிக்கிறத பாத்த எட்வர்ட் ராபர்ட்ஸ், 1865-லயே கிணத்துக்குள்ள வெடி வச்சாரு. 1947-ல கன்சாஸ்ல ஹியூகோட்டன் கேஸ் வயல்ல, நேபாம் போட்டு கெட்டியாக்கின பெட்ரோல பம்ப் பண்ணி பாத்தாங்க, தீக்குண்டுல போடுற அதே நேபாம்! பெரிசா பலன் இல்ல, ஆனா 1949-ல இருந்து தொழிலா ஆயிடுச்சு. ஷேல்ல மட்டும் அது பலிக்கல. டெக்சாஸ்ல ஜார்ஜ் மிட்செல்னு ஒருத்தர், 1981-ல பார்னெட் ஷேல்ல முதல் கிணறு போட்டு, வருஷக்கணக்கா காச கொட்டிட்டே இருந்தாரு. அப்பெல்லாம் மணல சுமக்க கெட்டி ஜெல் வேணும்னு எல்லாரும் நம்பினாங்க, ஜெல் விலை ஜாஸ்தி. அவர் கம்பெனி இன்ஜினியர் நிக் ஸ்டைன்ஸ்பெர்கர் செலவக் குறைக்கணும்னு ஜெல்ல விட்டுட்டு, வழுக்கலுக்கு கொஞ்சூண்டு பாலிமர் மட்டும் கலந்த தண்ணியில அடிச்சு பாத்தாரு, 1998-ல ஒரு கிணத்துல அது கேஸ கொட்டுச்சு. அதோட படுக்கைக் கிணறும் சேர்ந்த பிறகுதான் கதையே மாறுச்சு. 2008-ல நாளைக்கு சுமார் 50 லட்சம் பேரல் எடுத்த அமெரிக்கா 2023-ல ஒரு கோடியே 29 லட்சம் பேரல் எடுத்துச்சு. டெக்னாலஜி மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன், அங்க நிலத்துக்கு கீழ இருக்குறது தனியார் சொத்தா இருக்கலாம், ராயல்டி, அதாவது எடுக்குறதுல ஒரு பங்கு, கிடைக்கும்னா பண்ணைக்காரனே வா வான்னு கூப்பிடுவான். இந்தியாவுல பூமிக்கடியில எண்ணெய் இருந்தா அது அரசாங்கத்தோடது, நிலத்துக்காரருக்கு சத்தமும் லாரியும்தான்.

[திரையில்: கழிவுநீர் டேங்கர்கள்]

சரி, எல்லாரும் கேக்குற கேள்விக்கு வருவோம், குடிதண்ணி கெட்டுப்போகுமா? மூணு கிலோமீட்டர் கீழ விழுற விரிசல் நேரா உங்க கிணத்து வரைக்கும் ஏறி வரும்னு பயப்படுறது பெரும்பாலும் தப்பான இடத்துல பயப்படுறது. விரிசல் பெரும்பாலும் சில நூறு அடி உயரத்துல நின்னுடும். பயப்பட வேண்டியது அந்த சிமெண்ட் வளையத்துக்கு. பென்சில்வேனியாவுல டிமாக்னு ஒரு ஊர்ல 2009 புத்தாண்டு அன்னைக்கு ஒரு வீட்டுத் தண்ணிக் கிணறு வெடிச்சுது, சரியா அடைக்காத கேஸ் கிணறுகள்ல இருந்து மீத்தேன் நிலத்தடி நீருக்குள்ள வந்துருச்சுன்னு மாநில அதிகாரிங்க சொன்னாங்க. 2016-ல அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சியோட பெரிய அறிக்கையும் சில சூழ்நிலைகள்ல குடிநீர் பாதிக்கப்படும்னுதான் முடிச்சுது, கிணறு சரியில்லாதது, மேல சிந்துறது, கழிவத் தப்பா கொட்டுறது, இதெல்லாம் அதுல வருது.

அடுத்தது தண்ணி. ஒரு கிணத்துக்கு 57 லட்சம் லிட்டர்ல இருந்து 6 கோடி லிட்டர் வரைக்கும் போகுது, அதுவும் பெர்மியன் மாதிரி காஞ்ச பூமியில. உள்ள போனது பாதி அங்கயே தங்கிட்டாலும், எண்ணெயோட சேர்ந்து பாறைக்குள்ள காலங்காலமா கிடந்த உப்புத்தண்ணி வருஷக்கணக்குல வந்துட்டே இருக்கும், பெர்மியன்ல ஒரு பேரல் எண்ணெய்க்கு மூணு பேரலுக்கும் மேல. கடல் தண்ணிய விட பல மடங்கு உப்பு. வயல்ல விட முடியாது, ஆத்துல விட முடியாது, கொஞ்சத்த அடுத்த ஃப்ராக்கிங்குக்கு திரும்ப எடுப்பாங்க, மிச்சத்த இன்னொரு ஆழமான கிணத்துல பம்ப் பண்ணி பூமிக்குள்ளயே தள்ளிடுவாங்க. ஓக்லஹோமாவுல அப்படி தள்ளினது பழைய நிலப்பிளவுகள நழுவ விட்டுடுச்சு. முன்னாடி வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு வந்த 3 ரிக்டருக்கு மேற்பட்ட நிலநடுக்கம் 2015-ல மட்டும் 900 பக்கம் வந்துச்சு, 2016 செப்டம்பர்ல பானீ ஊர்ல 5.8. தள்ளுற அளவ குறைக்கச் சொல்லி உத்தரவு போட்டதும் குறைஞ்சுது.

2017-ல நெடுவாசல்ல ஹைட்ரோகார்பன் திட்டத்த எதிர்த்து ஜனங்க உக்காந்ததும், 2020-ல காவிரி டெல்டாவ பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா சட்டம் போட்டதும் உங்களுக்கு தெரியும். அந்த நேரத்துல வாட்ஸ்ஆப்ல சுத்துன வீடியோ எல்லாத்துலயும் பூமி பிளக்குற அனிமேஷன்தான் இருந்துச்சு. என்னைக் கேட்டா கேக்க வேண்டிய கேள்வி வேற: சிமெண்ட்ட யார் சோதிப்பா, ரிசல்ட்ட யார்கிட்ட காட்டுவாங்க, உப்புத்தண்ணி எந்த லாரியில எங்க போகும்?

கடைசியா ஒண்ணு. ஷேல் கிணறு வேகமா ஓயும், முதல் வருஷத்துலயே உற்பத்தி பாதிக்கும் கீழ விழுந்துடும், அதனால கம்பெனி நிக்காம புதுசு புதுசா போட்டுட்டே இருக்கணும். ஓஞ்ச கிணத்த சும்மா விட்டுட்டு போக முடியாது, அங்கங்க சிமெண்ட் அடைப்பு போட்டு, மேல கேசிங்க வெட்டி மூடணும். இதுக்கு காசு செலவாகும், வருமானம் சைபர். கம்பெனி திவாலானா அந்தக் கிணறு யாரும் இல்லாததா ஆயிடும், அமெரிக்காவுல அப்படி கணக்குல வந்ததே ஒரு லட்சத்துக்கும் மேல, பல பழைய காலத்து கிணறுங்க, சிலதுல மீத்தேன் இன்னும் கசியுது. அத அடைக்க 2021-ல அரசாங்கம் 470 கோடி டாலர் ஒதுக்குச்சு, மக்கள் வரிப்பணத்துல.