தெய்வத்துக்கும் தூக்கம் வரும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். 'முதியோரைப் பேணும் பெண்ணின் உள்ளத்தில் விஞ்சி நிற்பது நிறைவா, சோர்வா?' என்பது இன்றைய தலைப்பு. சோர்வே என்று வாதாட வந்திருக்கிறேன். தலைப்பில் 'விஞ்சி' என்று ஒரு சொல் இருப்பதை முதலிலேயே நினைவூட்டிவிடுகிறேன். ஏனென்றால் எதிரணியில் பேசியவர்கள் நிறைவு என்று ஒன்று உண்டு என்பதை மட்டும் மெய்ப்பித்துவிட்டு, வழக்கையே வென்றுவிட்ட முகத்தோடு அமர்ந்திருக்கிறார்கள். உண்டு என்பதை நாங்கள் எங்கே மறுத்தோம்?

எனக்கு முன் பேசிய சகோதரி, படுக்கையில் விழுந்த தம் மாமியாரைப் பார்த்துக்கொண்ட 3 ஆண்டுகளில்தான் கடவுளைக் கண்டதாகச் சொன்னார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் தட்டினேன். என் தாயை 6 ஆண்டுகள் பேணியவள் என்ற முறையில், அவர் சொன்னது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். மறதிநோய் முற்றி, என் பெயர் அம்மாவின் நினைவைவிட்டுப் போய் ஓராண்டு ஆகியிருந்தது. ஒரு மாலை நான் குனிந்து அவருடைய கால்நகங்களை வெட்டிக்கொண்டிருந்தபோது, என் தலையில் கை வைத்து, முகத்தில் விழுந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். மகளுக்குச் செய்தாரா, யாரோ ஒருத்திக்குச் செய்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. உலகத்தையே எழுதிக்கொடுத்தாலும் அந்த மாலையை நான் விட்டுத்தர மாட்டேன். ஆனால் நடுவர் அவர்களே, தராசு என்றால் இரண்டு தட்டு உண்டல்லவா? மறு தட்டில் வைக்க வேண்டியவற்றை நான் எடுத்து வைக்கிறேன்.

முதலில் இரவுகள். படுக்கையோடு கிடப்பவருக்குப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள் என்பார்கள். கேட்பதற்கு எளிதான அறிவுரைதான். அதை ஓர் இரவுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்: 11 மணி, 1 மணி, 3 மணி, 5 மணி. ஒரு கை தோளுக்கு அடியில், மற்றொரு கை இடுப்புக்கு அடியில். முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை. குதிகால் மெத்தையில் அழுந்தாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த துணி. விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அது தோலைப் புண்ணாக்கும் என்பதால் அதையும் நீவிவிட வேண்டும். ஈரமாக இருந்தால் விரிப்பையே மாற்ற வேண்டும். இத்தனையும் முடித்துப் படுத்தால் கண் அயர அரைமணி ஆகும், அடுத்த அலாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் மிஞ்சும். போகப் போக அலாரமும் தேவைப்படாது. அது அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே உடம்பு விழித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட இரவிலும் கடவுள் வந்துபோயிருக்கலாம். அவரை அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்கு அவளுடைய கண் திறந்திருக்குமா என்பதுதான் என் ஐயம்.

எதிரணி நண்பர் ஒருவர், 'பேணுதல் பெண்ணுக்கு இயல்பாகவே வரும்' என்றார். ஐயா, எனக்கு வரவில்லை. அம்மாவுக்கு விழுங்குவது கடினமாகிவிட்ட பிறகும், படுத்த நிலையிலேயே தண்ணீர் கொடுத்து, அது மூச்சுக்குழலுக்குள் போய், அவர் முகம் கருத்ததைப் பார்த்து அலறியவள் நான். நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயைச் சற்றே தாழ்த்தி, சிறு கரண்டியில் கொடுக்க வேண்டும் என்பதை அதன் பிறகுதான் கற்றேன். அச்சத்தோடு கற்ற தொழிலை இயல்பு என்று சொல்லிவிட்டால், கற்றுத்தர வேண்டிய பொறுப்பும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டிய பொறுப்பும் மற்றவர்களைவிட்டு நீங்கிவிடுகின்றன. உலகில் ஊதியமின்றி நடக்கும் பராமரிப்பு வேலை நேரத்தில் 76.2 விழுக்காடு பெண்களுடையது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டது; மறதிநோயாளிகளைப் பேணும் நேரத்தில் மட்டும் பார்த்தாலும் 70 விழுக்காடு பெண்களுடையது என்கிறது உலகச் சுகாதார அமைப்பு. இந்த எண்களில் இயல்பு எங்கே தெரிகிறது? 'யார் பார்த்துக்கொள்வது?' என்ற கேள்வி எழுந்ததும் வீட்டிலுள்ள எல்லாருடைய கண்களும் ஒருத்தி பக்கம் திரும்புகின்றனவே, அந்தத் திரும்பல்தான் தெரிகிறது.

உடல் சோர்வைச் சொல்லிவிட்டேன். அது ஒரு நாள் உறங்கினால் ஓரளவு தீரும். துயரம் அப்படித் தீர்வதில்லை. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், 1970களில் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களைக் கவனித்தபோது, இறந்தார் என்றும் உறுதியில்லை, இருக்கிறார் என்றும் உறுதியில்லை என்ற நிலையில் மனிதர்கள் அழவும் முடியாமல் ஆறவும் முடியாமல் நின்றுவிடுவதைக் கண்டு, அதற்குத் தெளிவற்ற இழப்பு என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். பின்னாளில் மறதிநோயாளிகளின் வீடுகளிலும் அதையே கண்டார். வீரன் வீட்டில் ஆள் இல்லை, நினைவில் இருக்கிறான்; இந்த வீட்டிலோ ஆள் கண்ணெதிரே இருக்கிறார், நினைவு போய்விட்டது. ஒருநாள் என் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, 'நீங்க யாரும்மா? என் பொண்ணு எப்ப வருவா?' என்று கேட்டார். 'வந்துடுவாம்மா' என்றேன். வேறு என்ன சொல்வது? பிறகு சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். உயிரோடு இருக்கும் தாய்க்காக ஒரு மகள் துக்கம் காக்க முடியாது. ஆறுதல் சொல்ல யாரும் வர மாட்டார்கள். வருபவர்களும், 'அம்மா நன்றாகத்தானே இருக்கிறார், நிறம்கூட மாறவில்லை' என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இனி, எதிரணி தன் கோட்டையாகக் கருதும் ஆன்மிகத்துக்கு வருகிறேன். இறுதிக்கட்ட நோயாளிகளுக்காக லண்டனில் 1967இல் புனித கிறிஸ்டோபர் காப்பகத்தை நிறுவிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், நோயாளியின் வலி உடலோடு நிற்பதில்லை, மனமும் உறவும் ஆன்மாவும் சேர்ந்து வலிக்கின்றன என்றார். கட்டிலில் கிடப்பவருக்கு அது பொருந்தும் என்றால், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவளுக்கும் பொருந்தாதா? அவளுடைய பிரார்த்தனையை மட்டும் கேட்டுப் பாருங்கள். முதல் ஆண்டில், 'இவரைக் குணமாக்கு' என்பாள். இரண்டாம் ஆண்டில், 'இதற்கு மேல் மோசமாக்காதே' என்பாள். பிறகு ஓர் இரவு, மூன்று மணிப் புரட்டலுக்குப் பின், சொல்லத் திட்டமிடாத ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து வரும்: 'வலியில்லாமல் எடுத்துக்கொள்.' சொன்ன மறுகணமே, யாருக்காகக் கேட்டோம் என்ற கேள்வி அவளைப் பிடித்துக்கொள்ளும். அவருடைய வேதனை தீரக் கேட்டாளா, தன் உறக்கத்துக்காகக் கேட்டாளா? இரண்டும்தான் என்று தெரிந்த பிறகு, மறுநாள் கடவுள் முன் நிற்கவே அவளுக்குக் கூசும். நான் பல வாரங்கள் நிற்கவில்லை. கடவுளைக் கண்டேன் என்று மேடையில் சொல்லும் பெண்ணுக்குக் கைதட்டுகிறோம். கடவுளிடம் மரணத்தைக் கேட்டேன் என்று சொல்ல வருகிறவளுக்கு எந்த மேடையில் இடம் வைத்திருக்கிறோம்?

அவளை அப்படிச் சொல்லவிடாமல் வாயடைப்பது நம்முடைய புகழ்ச்சி. 'நீ தெய்வம்' என்கிறோம், 'இது தவம்' என்கிறோம். தெய்வம் விடுப்புக் கேட்காது, தவத்தில் இருப்பவள் எரிச்சல்படக் கூடாது. அன்றைக்கு நாலாவது முறையாக மாற்றிய விரிப்பு மறுபடியும் நனைந்தபோது ஒரு சொல் கடுமையாகப் பேசிவிட்டவள், தன்னைக் களைத்த மனுஷியாக எண்ணிக்கொள்ளும் உரிமையையும் இழந்து, பாவியாக எண்ணிக்கொள்கிறாள். அந்தப் பட்டத்தை நாங்கள் கேட்கவில்லை, நடுவர் அவர்களே. வேண்டுமானால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாரத்துக்கு ஓர் இரவு வாங்கிக்கொள்கிறோம்.

வள்ளுவர் இந்தப் பட்டத்தைக் கொடுக்கவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். 'உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து' என்ற குறளில், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றுக்கும் சமமாக, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரையும் நிறுத்துகிறார். எந்த அதிகாரத்தில் நிறுத்துகிறார் என்று பாருங்கள். அன்புடைமையில் இல்லை, இல்வாழ்க்கையில் இல்லை, வாழ்க்கைத் துணைநலத்திலும் இல்லை; மருந்து அதிகாரத்தில். அதாவது அது ஒரு வேலை, திறமையும் தெம்பும் வேண்டிய வேலை. 'செல்வான்' என்று ஆண்பாலில் சொன்னாரே என்றால், அது பொதுச்சொல் என்று இலக்கணக்காரர்கள் விளக்குவார்கள். குறளில் செல்வான் என்று இருந்தது, வீட்டுக்குள் வரும்போது மட்டும் செல்வாள் என்று ஆகிவிட்டது.

சோர்வு மனத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்காவில், ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மறதிநோய் கண்ட உறவினரைப் பேணும் 13 பெண்களுக்கும், அவர்களை ஒத்த வயதில், அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களுக்கும் கையில் ஒரே அளவில் 3.5 மில்லிமீட்டர் காயம் ஏற்படுத்தி, ஆறுவதைக் கவனித்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 39.3 நாளில் ஆறிய காயம், பேணும் பெண்களுக்கு ஆற 48.7 நாள் ஆயிற்று. சிறிய ஆய்வுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோலுக்கு மேடைப்பேச்சு தெரியாது. மனம் மறைப்பதை அது சொல்லிவிடுகிறது.

இன்னொன்று. பேணுபவரின் சுமையை அளக்க ஸ்டீவன் ஸாரிட்டும் அவருடைய சகாக்களும் 1980இல் உருவாக்கிய வினாநிரல், இன்று பெரும்பாலும் 22 கேள்விகளோடு உலகெங்கும் பயன்படுகிறது. உங்களுக்கென்று நேரம் இல்லை என்று தோன்றுகிறதா, கோபம் வருகிறதா என்பவை நாம் எதிர்பார்க்கும் கேள்விகள். நான் எதிர்பாராதவை கடைசிக்குச் சற்று முன்னால் வரும் இரண்டு: உங்கள் உறவினருக்கு இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறதா? இதைவிட நன்றாகக் கவனித்திருக்கலாம் என்று தோன்றுகிறதா? போதவில்லை என்ற எண்ணத்தையும் சுமையாகவே எண்ணியிருக்கிறார்கள். எதிரணியினர் இதே எண்ணத்தைத்தான் அன்பு என்றும் அர்ப்பணிப்பு என்றும் சொல்லி நிறைவின் தட்டில் போட்டுவிட்டார்கள். அதை எடுத்து உரிய தட்டில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எதிரணித் தலைவர் 2013இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வை எடுத்துக்காட்டினார். பேணும் பொறுப்பில் இருந்த 3,503 பேரை, அந்தப் பொறுப்பு இல்லாத அதே எண்ணிக்கையினரோடு ஒப்பிட்டதில், பேணுபவர்களின் இறப்பு விகிதம் 18 விழுக்காடு குறைவாக இருந்தது என்றார். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் தலைப்பு ஆயுளைப் பற்றியதல்ல, உள்ளத்தைப் பற்றியது. அவள் நீண்ட நாள் வாழ்கிறாள் என்பதால், வாழும் நாளில் அவள் மனம் நிறைந்திருந்தது என்று ஆகிவிடாது.

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். இன்னும் ஒன்றே ஒன்று. தொடக்கத்தில் நான் சொன்ன அந்த மாலை எப்போது வந்தது என்பதை வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தேன். வெளியூரில் இருந்த என் தம்பி விடுப்பில் வந்து, இரவுப் பொறுப்பைத் தான் ஏற்றுக்கொண்டிருந்தான். புரட்டிப் படுக்கவைக்க முதல் இரவு தடுமாறினான், இரண்டாம் இரவு கற்றுக்கொண்டான். நான் தொடர்ந்து நான்கு இரவு உறங்கி எழுந்திருந்தேன். ஐந்தாம் நாள் மாலைதான் அம்மாவின் கை என் முடியை ஒதுக்கியது. அதற்கு முன்பும் நகம் வெட்டும்போது அந்தக் கை என் தலையை நோக்கி வந்திருக்கிறது. வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று, ஒவ்வொரு முறையும் அதை எடுத்து அவர் மடியிலேயே வைத்தவள் நான்தான். வணக்கம்.