வட்டிக்குப் போகும் வரிப்பணம்: என் கட்சிக்காரர்களிடம் ஒரு கேள்வி

வணக்கம் நண்பர்களே. இன்று அமெரிக்க அரசின் கடனைப் பற்றிப் பேசப்போகிறேன். 2025 அக்டோபரில் அது 38 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. இந்த எண்ணைக் கேட்டு இப்போதெல்லாம் யாரும் திடுக்கிடுவதில்லை, காது பழகிவிட்டது. ஆகவே அசலை விட்டுவிட்டு வட்டியைப் பார்ப்போம். 2024 நிதியாண்டில் நிகர வட்டியாக மட்டும் சுமார் 88,000 கோடி டாலர் போனது. அதே ஆண்டில் பாதுகாப்புத் துறைக்குச் செலவானது சுமார் 85,000 கோடி டாலர். விமானந்தாங்கிக் கப்பல்கள், அணுசக்தி நீர்மூழ்கிகள், உலகெங்கும் பரந்திருக்கும் தளங்கள், வீரர்களின் சம்பளம், இவ்வளவும் சேர்ந்து வட்டியைவிடக் குறைவு! அரசுக்கு வரும் ஒவ்வொரு டாலரிலும் கிட்டத்தட்ட 18 சென்ட் பழைய கடனுக்கு வட்டியாகப் போகிறது. அதில் ஒரு பாலம் எழுவதில்லை, ஒரு சிப்பாய் சாப்பிடுவதில்லை.

நான் கன்சர்வேட்டிவ். குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கிறவன். வரி குறைவாக இருக்க வேண்டும், அரசு அளவோடு இருக்க வேண்டும், இன்றைய தலைமுறை வைக்கும் கடனை நாளைய தலைமுறையின் தலையில் கட்டக் கூடாது என்று நம்புகிறவன். அதனால்தான் இன்று எதிர்க்கட்சியை அல்ல, என் கட்சியைக் கேட்கப்போகிறேன்.

முதலில் வட்டி ஏன் இப்படிப் பாய்ந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2020 ஆகஸ்டில் பத்தாண்டுக் கடன் பத்திரத்தின் வட்டி அரை சதவீதம் அளவுக்கு இறங்கியிருந்தது. இரண்டு கட்சிகளும் அதை நிரந்தரம் என்று நினைத்துக்கொண்டு கடன் வாங்கின. 2023 அக்டோபரில் அதே பத்திரத்தின் வட்டி 5 சதவீதத்தைத் தொட்டது. அமெரிக்க அரசு பழைய கடனை முதிர்வு நாளில் அடைத்து முடிப்பதில்லை, புதிய பத்திரம் விற்று அந்தப் பணத்தால் பழையதை அடைக்கிறது. ஒவ்வொரு முறை அப்படிச் செய்யும்போதும் மலிவு வட்டிக் கடன் போய், அதன் இடத்தில் அதிக வட்டிக் கடன் வந்து உட்காருகிறது. இன்றே பற்றாக்குறையை நிறுத்தினாலும் இந்த வட்டிச் சுமை உடனே இறங்காது.

பைடன் ஆட்சியின் பங்கை நான் மறைக்கவில்லை. 2021 மார்ச்சில் 1.9 லட்சம் கோடி டாலர் நிவாரணச் சட்டம் வந்தது. இது விலைவாசியைக் கிளப்பிவிடும் என்று ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் நிதியமைச்சர் லாரி சம்மர்ஸே எச்சரித்தார். 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம். அந்த ஆண்டு மளிகைக் கடைக்குப் போய்வந்த யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் 2020இல் 2.2 லட்சம் கோடி டாலர் கேர்ஸ் என்ற நிவாரணச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் டிரம்ப். பெருந்தொற்று நேரம், அவசரம், ஒப்புக்கொள்கிறேன். அவசரம் முடிந்த பிறகும் செலவு பழைய அளவுக்குத் திரும்பவில்லையே, அங்கேதான் என் கேள்வி தொடங்குகிறது.

சரி, நம் கட்சியின் வரலாற்றுக்கு வருகிறேன். நம்மிடம் நல்ல முன்னோர்கள் இருந்தார்கள். கால்வின் கூலிட்ஜ் அதிபராக இருந்த ஒவ்வொரு ஆண்டும் உபரி பட்ஜெட். வரியையும் குறைத்தார், கடனையும் குறைத்தார், ஏனென்றால் செலவை அவர் விடாமல் கண்காணித்தார். 1953இல் ஐசன்ஹோவர் பதவிக்கு வந்தபோது அவருடைய சொந்தக் கட்சிக்காரர், வரிக் குழுவின் தலைவர் டேனியல் ரீட், வருமான வரிக் குறைப்பை முன்கூட்டியே கொண்டுவரப் பிடிவாதம் பிடித்தார். பட்ஜெட் சமநிலைக்கு வரும் வழி தெரியாமல் வரிக்குறைப்பு கூடாது என்று ஐசன்ஹோவர் அவரை எதிர்த்து நின்றார். வரி குறைப்பது இனிப்பான வேலை. அதை இன்று வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் ஒரு குடியரசுக் கட்சி அதிபரிடம் இருந்தது.

இப்போது 1995. இந்தக் கதையை ஒவ்வொரு கன்சர்வேட்டிவும் தெரிந்துகொள்ள வேண்டும், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அரசு வரவுக்குள்தான் செலவு செய்ய வேண்டும் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவைக்கும் திருத்தம் பிரதிநிதிகள் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேறி செனட்டுக்கு வந்தது. செனட்டில் 67 வாக்குகள் தேவை. குடியரசுக் கட்சியில் ஒரே ஒருவர், ஓரிகானின் மார்க் ஹேட்ஃபீல்ட், முடியாது என்றார். அந்த ஒரு வாக்கில் திருத்தம் விழுந்தது. வேண்டுமானால் பதவி விலகிவிடுகிறேன் என்று அவர் செனட்டில் கட்சித் தலைவராக இருந்த பாப் டோலிடம் சொன்னார். டோல் அதை ஏற்கவில்லை. ஹேட்ஃபீல்டின் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மனசாட்சிப்படி நடந்தவர், அவரைத் திட்ட எனக்கு மனம் வராது. 1997 மார்ச்சில் மீண்டும் வாக்கெடுப்பு. இம்முறை குடியரசுக் கட்சியின் 55 செனட்டர்களும் ஆதரித்தார்கள். ஜனநாயகக் கட்சியிலிருந்து 11 பேர் சேர்ந்தார்கள். 66 வாக்குகள். மீண்டும் ஒன்று குறைவு! நியூஜெர்சியின் ராபர்ட் டொரிசெல்லி, பிரதிநிதிகள் சபையில் இருந்தபோது இதே யோசனையை ஆதரித்தவர், செனட்டுக்கு வந்ததும் எதிர்த்து வாக்களித்தார்.

போர்க்காலத்துக்கு விலக்கு, ஐந்தில் மூன்று பங்கு பேர் சம்மதித்தால் பற்றாக்குறைக்கு அனுமதி என்று வழிகளும் அந்தத் திருத்தத்தில் இருந்தன. கண்மூடித்தனமான சட்டம் அல்ல அது.

திருத்தம் தோற்றாலும் உபரி வந்தது. 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள். கிளிண்டன் வெள்ளை மாளிகையில், சபாநாயகர் நியூட் கிங்ரிச்சின் குடியரசுக் கட்சி நாடாளுமன்றத்தில். இருவரும் ஒருவரையொருவர் வெறுத்தார்கள், ஆனாலும் 1997இல் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். பொருளாதாரம் பொங்கியதும் கைகொடுத்தது. 2000ஆம் ஆண்டில் மட்டும் 23,600 கோடி டாலர் மிச்சம். மிச்சம் என்ற நிலையையே இன்றைய இருபத்தைந்து வயது அமெரிக்கர் பார்த்ததில்லை.

அதை நாம் என்ன செய்தோம்? வரியைக் குறைத்தோம், இரண்டு போர்களில் இறங்கினோம், செலவைக் குறைக்கவில்லை. 2003 நவம்பரில், முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் மருந்துச் செலவையும் சேர்க்கும் மசோதா வந்தது. வழக்கமாகப் பதினைந்து நிமிடங்களில் முடியும் வாக்கெடுப்பை, தோற்றுவிடும் என்று தெரிந்ததும், நம் கட்சித் தலைமை விடியற்காலை மூன்று மணியிலிருந்து கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் திறந்துவைத்து, எதிர்த்த கன்சர்வேட்டிவ்களை ஒவ்வொருவராக வளைத்தது. முதியவர்களுக்கு மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டவர்களைச் சொந்தக் கட்சியே நெருக்கியது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2025க்கு வாருங்கள். அரசின் வீண்செலவை வெட்ட டோஜ் என்று ஒரு பெரிய முயற்சி. 2 லட்சம் கோடி டாலர் மிச்சப்படுத்தலாம் என்று எலான் மஸ்க் தேர்தலுக்கு முன் சொன்னார். நான் மனதார ஆதரித்தேன், வீண்செலவை வெட்டுவதை எந்தக் கன்சர்வேட்டிவும் ஆதரிப்பார். ஆனால் 2025 நிதியாண்டின் மொத்தச் செலவு முந்தைய ஆண்டைவிடக் கூடியது. காரணம் எளிது: வெட்டிய இடம் சிறியது. வெளிநாட்டு உதவி மொத்தச் செலவில் சுமார் 1 சதவீதம். அரசு ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டி மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதோடு மெடிகேரும் வட்டியும் சேர்ந்தால் பட்ஜெட்டின் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது. அதைத் தொடமாட்டோம் என்று வாக்குறுதி கொடுத்துவிட்டு, கடனைக் குறைப்போம் என்றும் சொல்வது நேர்மையான பேச்சு அல்ல.

அதே ஆண்டு ஜூலை 4 அன்று பெரிய வரிச் சட்டத்தில் டிரம்ப் கையெழுத்திட்டார். 2017 வரிக்குறைப்பு காலாவதியாகாமல் காத்தது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் அடுத்த பத்தாண்டுகளில் பற்றாக்குறை 3.4 லட்சம் கோடி டாலர் கூடும் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் கணித்தது. கடன் உச்சவரம்பை 5 லட்சம் கோடி டாலர் உயர்த்தியதும் அதே சட்டம்தான். கடனைக் காரணம் காட்டி எதிர்த்த கென்டக்கிக்காரர்கள் தாமஸ் மாஸியும் ரான்ட் பாலும் கட்சித் துரோகிகள் என்று ஏசப்பட்டார்கள். கட்சி மேடையில் முப்பது ஆண்டுகளாக நாம் முழங்கியதைத்தான் அவர்கள் சபையில் சொன்னார்கள்.

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள், 1983இல் முடிந்தது. சோஷியல் செக்யூரிட்டி நிதியில் சில மாதங்களுக்குத்தான் பணம் இருந்தது. ரீகனும் சபாநாயகர் டிப் ஓ'நீலும் எதிரெதிர்த் துருவங்கள். இருவரும் இறங்கி வந்தார்கள். ஓய்வு வயதை 65இலிருந்து 67ஆக மெல்ல மெல்ல உயர்த்தும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் டெக்சஸின் ஜே.ஜே. பிக்கிள், ஜனநாயகக் கட்சிக்காரர். அன்று எழுதிய மாற்றம் 1960இல் பிறந்தவர்கள் 67ஐ எட்டும் 2027இல்தான் முழுமையடைகிறது. யாருக்கும் ஒரே நாளில் அடி விழவில்லை. சீர்திருத்தம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். இன்றோ, ஓய்வூதிய நிதியின் இருப்பு 2033இல் தீர்ந்துவிடும், அதன்பின் 77 சதவீதம்தான் கொடுக்க முடியும் என்று அறங்காவலர்களின் 2025 அறிக்கை சொல்கிறது. ஒன்றும் செய்யாமல் இருந்தால் பாட்டி தாத்தாக்களின் தொகை தானாகவே வெட்டுப்படும்.

இங்கே வேலை விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. உங்கள் சம்பளத்தில் 6.2 சதவீதம் இந்த நிதிக்குப் போகிறது, முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். பொதுவாகப் பத்து ஆண்டு வேலைக் கணக்கு சேராமல் இந்தியா திரும்பினால் ஓய்வூதியம் கிடையாது, ஏனென்றால் இரு நாடுகளுக்கும் இடையே இதற்கான ஒப்பந்தம் இல்லை. வாக்குரிமை இல்லாதவர்களும் இந்தக் கணக்கைக் கவனியுங்கள்.

வாக்குரிமை உள்ளவர்களுக்கு: 2026 நவம்பர் 3 இடைக்காலத் தேர்தல். உங்கள் தொகுதி வேட்பாளர், முக்கியமாக நம் கட்சி வேட்பாளர், கூட்டம் நடத்தினால் எழுந்து நின்று கேளுங்கள்: சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் உங்கள் திட்டம் என்ன? வீண்செலவை ஒழிப்போம் என்று பதில் வந்தால், எந்தச் செலவு, எவ்வளவு என்று இன்னொரு முறை கேளுங்கள். கேட்டதையும் அவர் சொன்னதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த வீடியோவில் அவற்றைப் படித்துக்காட்டிப் பேசுகிறேன். நன்றி, வணக்கம்.