மதாம் யார் வீட்டுப் பெண்?

அவையோருக்கு என் வணக்கம்.

நம் ஊர்களில் ஒரு பெண்ணைப் புதிதாகப் பார்த்தால், பெயரைக் கேட்பதற்கு முன்னரே "யார் வீட்டுப் பெண்?" என்று கேட்போம். புதுச்சேரி ஆளுநராக இருந்த ஜோசப் பிரான்சுவா துய்ப்ளேக்சின் மனைவியை, அதாவது மதாமைப் பற்றி எழுதியவர்களில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ஆளுநரின் மனைவி, கணவரை ஆட்டிவைத்தவர், ஒற்றர் படை வைத்திருந்தவர், ஜோனா பேகம் என்று பெயர் பெற்றவர் என்பதோடு அவர்கள் நின்றுவிட்டார்கள். தாய் யார், உடன்பிறந்தவர்களை யார் மணந்தார்கள், மகள்கள் எங்கெங்கே வாழ்க்கைப்பட்டார்கள் என்று தேடிச் சென்றால், 1740களின் சோழமண்டலக் கரை அரசியலில் புரியாமல் கிடந்த சில முடிச்சுகள் அவிழ்கின்றன என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

அவருடைய பெயர் ழான் அல்பேர். 1706இல் புதுச்சேரியில் பிறந்தவர். தந்தை ழாக் தியோடர் அல்பேர், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் அறுவை மருத்துவர். தாய் எலிசபெத் ரோஸ் தெ காஸ்த்ரோ. இந்தக் காஸ்த்ரோ என்ற பெயரில் சற்று நிற்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இக்கரையில் காலூன்றுவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே போர்த்துக்கீசியர் சாந்தோமிலும் நாகப்பட்டினத்திலும் குடியேறி, இங்குள்ள பெண்களை மணந்து, கலப்புச் சமூகம் ஒன்றாகப் பெருகியிருந்தனர். கப்பலேறி வந்த பிரெஞ்சு இளைஞர்களுக்கு ஐரோப்பாவிலிருந்து பெண் வருவது அரிது என்பதால், அவர்களுள் பலர் இந்தச் சமூகத்திலேயே பெண் எடுத்தார்கள். ஆகவே புதுச்சேரியில் பிறந்த ஒரு 'பிரெஞ்சு'ப் பெண்ணின் வீட்டில் போர்த்துக்கீசியமும் தமிழும் புழங்குவது வியப்பன்று. ழானுக்குத் தமிழ் பேச வந்தது; பிற்காலத்தில் அவருக்குக் கிடைத்த செல்வாக்கில் பாதி அந்தத் தமிழால் வந்தது என்பது என் கருத்து.

இப்படிப்பட்ட ஒரு பெண்ணின் வழியைத் தேடுவோருக்குக் கைகொடுப்பது கோயில் பதிவேடு. புதுச்சேரிப் பதிவேடுகள் 1676 முதல் தொடங்குகின்றன. ஆளுநராகவும் வரலாற்றாசிரியராகவும் இருந்த அல்பிரெத் மார்த்தினோ அவற்றின் சுருக்கத்தை 1917 முதல் அச்சிட்டு வெளியிட்டார். ஞானஸ்நானப் பதிவு ஒன்றில் குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானத்தந்தை, ஞானத்தாய் என நான்கைந்து செய்திகள்தாம் இருக்கும். ஆனால் பிரெஞ்சு முறையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு: மணமான பெண்ணும் பிறந்த வீட்டுப் பெயராலேயே பதிவாவாள். கணவன் பெயரில் மனைவியைக் கரைத்துவிடும் ஆங்கிலேயப் பதிவேடுகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஞானப்பெற்றோர் பெயர்களையும் தள்ளிவிட்டுப் போகக் கூடாது. யார் யாருடைய குழந்தைக்கு ஞானத்தாயாக நின்றார்கள் என்பதைத் தொகுத்தால், அன்றைய வணிகக் கூட்டுகள் எப்படி அமைந்திருந்தன என்பது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

1719இல், 13 வயதில், ழானுக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை ழாக் வின்சென்ஸ், கும்பினி ஆலோசனைச் சபை உறுப்பினர், வணிகர். 18 ஆண்டு இல்லறத்தில் 11 குழந்தைகள் பிறந்தன. கணக்கிட்டுப் பாருங்கள், ஏறத்தாழ இருபது மாதத்துக்கு ஒரு பேறு. துய்ப்ளேக்ஸ் 1731 முதல் வங்காளத்துச் சந்தர்நாகூரின் தலைவராக இருந்தபோது, வின்சென்ஸ் அவருடன் வணிகத்தில் கூட்டுச் சேர்ந்திருந்தார். 1737இல் வின்சென்ஸ் இறந்தார். 1741 ஏப்ரல் 17 அன்று, சந்தர்நாகூரில், 35ஐ எட்டிக்கொண்டிருந்த அந்தக் கைம்பெண்ணைத் துய்ப்ளேக்ஸ் மணந்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஆளுநராகப் புதுச்சேரிக்கு வந்தபோது, ழான் தாம் பிறந்த ஊருக்கே ஆளுநரின் மனைவியாகத் திரும்பினார். இவர்களுக்குப் பிறந்த ஆண் குழந்தை தங்கவில்லை. ஆகவே துய்ப்ளேக்ஸ் குடும்பம் என்று நாம் சொல்வது உண்மையில் அல்பேர், வின்சென்ஸ் வீட்டுக் குடும்பமே.

அந்தக் குடும்பத்தைப் பெண்வழியில் வரைந்து பார்ப்போம். ழானின் உடன்பிறந்தாள் ஒருத்தியை மணந்தவர் தோத்தேய். 1749இல் ஆம்பூர்ப் போருக்குப் பிரெஞ்சுப் படையை நடத்திச் சென்றவர் அவர்தாம். மகள் ஒருத்தியை மணந்தவர் ழாக் துவால் தெப்ரெமெனில். 1746இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லபூர்தொனே சென்னப்பட்டணத்தைப் பிடித்துவிட்டுக் கிளம்பிய பிறகு, அக்டோபரில் அந்தக் கோட்டையின் பொறுப்பு இந்த மருமகன் கையில் இருந்தது. இன்னொரு மகள் வாழ்க்கைப்பட்டதோ சென்னையில், ஆங்கிலேயர் நிழலில் வணிகம் செய்த பார்னவாலுக்கு. இரண்டு கும்பினிகளும் பீரங்கி நீட்டி நின்ற நாட்களில் தாய் ஒரு கோட்டையிலும் மகள் மறு கோட்டையிலும் இருந்தார்கள். கடைசி மகளைச் செல்லமாகச் சோன்சோன் என்பார்கள். அவளைத் தக்காணத்தில் கொடிகட்டிப் பறந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸிக்கு நிச்சயம் செய்தார்கள், ஆனால் அந்தத் திருமணம் நடக்கவில்லை.

சாந்தோமில் அந்தோனியோ நொரோஞா என்றொரு பாதிரியார் இருந்தார். போர்த்துக்கீசியப் பெயர் தாங்கிய இவர் ழானின் உறவினர். 1749இல், பிரெஞ்சுக்காரர் ஆதரித்த ஆர்க்காட்டு நவாபு சந்தாசாகிப்பின் ஆதரவில் சாந்தோமின் அதிகாரம் இவரிடம் வந்தது. சென்னைக் கோட்டைக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் மதாமின் சொந்தக்காரர் ஒருவர் அதிகாரம் செலுத்துவதை ஆங்கிலேயர் எப்படிப் பொறுப்பார்கள்? தங்கள் செய்திகள் அவர் வழியாகப் புதுச்சேரிக்குப் போகின்றன என்று நம்பினார்கள். அவ்வாண்டே ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் சாந்தோமைப் பிடித்து, பாதிரியாரைக் கைதுசெய்து கப்பலேற்றி அனுப்பிவிட்டார். ஒற்றர் படை என்று வியந்து எழுதப்படுவதன் உள்ளே எட்டிப் பார்த்தால், மாமா, மருமகன், மகள், ஞானத்தாய் என்ற உறவுமுறைகளைத்தான் அதிகம் காண்கிறோம். காஸ்த்ரோ என்ற பெயரை விட்டுவிட்டால் இந்தச் சாந்தோம் விவகாரம் ஒரு தற்செயலாகத் தோன்றும். அதைப் பிடித்துக்கொண்டால் அது குடும்பச் செய்தியாகிவிடுகிறது.

பதிவேடு எலும்பைத் தரும். சதையைத் தருவது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 செப்டம்பரில் தொடங்கி, 1761 ஜனவரியில் அவர் கண்மூடும் காலம் வரை நீண்ட அந்தத் தமிழ்க் குறிப்புகளில் மதாம் அடிக்கடி வருகிறார். நல்லவராக வருவது மிகக் குறைவு. காரணம் வெளிப்படை. தலைமைத் துபாசி, அதாவது கும்பினியின் மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமான கனகராய முதலியார் 1746இல் இறந்தபின், அந்தப் பதவி ஒரு கிறித்தவருக்கே போக வேண்டும் என்று பாதிரிமார் முயன்றார்கள். சைவக் குடும்பத்தவர்கள் பக்கம் மதாம் சாயமாட்டார் என்பது ஊரறிந்தது. வைணவரான பிள்ளைக்கும் அதே கதிதான். பதவி இறுதியில் பிள்ளைக்குக் கிடைத்தது, கசப்பு போகவில்லை. எனவே மதாமைப் பற்றி நமக்குள்ள மிகப் பெரிய சான்று அவருடைய எதிராளி எழுதியது. அதற்காக அதைத் தள்ளிவிட முடியாது. எதிராளி கூர்ந்து பார்ப்பான். நண்பன் கவனிக்காமல் விட்டதையும் எழுதி வைப்பான்.

ஒரு நாளை மட்டும் அருகில் சென்று பார்ப்போம். 1748 செப்டம்பர். பாஸ்கவனின் படை புதுச்சேரியை முற்றுகையிட்டிருக்கிறது. சேசு சபையாரின் சம்பாக் கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயிலை இடிக்கும்படி ஆணையாகிறது. காரைக்கால் தலைமைப் பாதிரியார் கேர்தூ, பெரிய சுத்தியலோடு வந்து, இலிங்கத்தைக் காலால் உதைத்து, உடைத்தார் என்று பிள்ளை எழுதுகிறார். மதாம் அங்கே சென்று, உங்கள் விருப்பம் போலச் செய்யுங்கள் என்று சொன்னதாகவும், ஐம்பது ஆண்டுகளாக முடியாததை நீங்கள் முடித்துவைத்தீர்கள், உங்கள் புகழை உலகெங்கும் பரப்புவேன் என்று பாதிரியார் மறுமொழி கூறியதாகவும் குறிப்பு செல்கிறது. இதில் பிள்ளை கண்ணால் கண்டது எது, காதுக்கு வந்தது எது என்று பிரித்துப் படிக்க வேண்டும். செய்தி வந்தது என்று அவரே சில இடங்களில் சொல்கிறார். கோயில் இடிந்ததில் ஐயமில்லை; இன்றுள்ள ஈசுவரன் கோயில் பின்னர் வேறிடத்தில் எழுந்தது. உரையாடலின் ஒவ்வொரு சொல்லுக்கும் நான் பொறுப்பேற்க மாட்டேன். இடையே ஒரு சொல்: வடமொழிக்கும் இலத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் உள்ள ஒற்றுமையை 1760களில் பிரெஞ்சு அறிஞர் கழகத்துக்கு எழுதித் தெரிவித்த அறிஞர் கேர்தூவும் இவரே. சுத்தியல் பிடித்த கையும் அந்தக் கடிதத்தை எழுதிய கையும் ஒன்றுதான்.

இங்கே ழானைத் தமிழ் மண்ணின் மகள் என்று கொண்டாடுவோருக்கும், வெள்ளைக்காரச் சீமாட்டி என்று ஒதுக்குவோருக்கும் சங்கடம் நேர்கிறது. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர் மொழி பேசிய பெண், இந்த ஊர்க் கோயில் இடிபடுவதற்குத் துணை நின்றார். காஸ்த்ரோ வீட்டாரைப் போன்ற கலப்புக் குடும்பங்களுக்கு, சுற்றியிருந்த பெருந்திரளிலிருந்து தங்களைப் பிரித்துக் காட்டிய வேலி சமயம். நிறமும் மொழியும் செய்யாத வேலையை ஞானஸ்நானப் பதிவேடு அவர்களுக்குச் செய்தது. அந்த வேலியை அவர் அத்தனை முனைப்போடு காத்ததற்கு இதுவே காரணம் என்று எண்ணுகிறேன். இதைச் சொல்வதால் அந்தச் செயலை நியாயப்படுத்துகிறேன் என்று எவரும் கொள்ள வேண்டாம்.

1754 ஆகஸ்டில் பிரான்சிலிருந்து அனுப்பப்பட்ட கொதே வந்து துய்ப்ளேக்சின் பதவியைப் பறித்தார். அக்டோபரில் குடும்பம் கப்பலேறியது. 48 வயதில், ழான் பிறந்த மண்ணை விட்டுப் பிரான்சுக்குச் சென்றார். கும்பினியிடமிருந்து தமக்கு வரவேண்டிய பெரும்பணத்துக்காகக் கணவர் படியேறி இறங்கிக்கொண்டிருந்தபோதே, 1756 டிசம்பர் 4 அன்று, பாரிசில் அவர் இறந்தார். துய்ப்ளேக்ஸ் 1758இல் மறுமணம் செய்துகொண்டு, 1763இல், வழக்கு முடியாமலே காலமானார்.

வரலாறு துய்ப்ளேக்சோடு ஏட்டை மூடிவிடுகிறது. பெண்வழி அங்கே முடியவில்லை. தெப்ரெமெனிலை மணந்த மகளுக்கு 1745 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு மகன் பிறந்திருந்தான். ழான் ழாக் துவால் தெப்ரெமெனில் என்ற அந்தப் பேரன், பாரிசு நீதிமன்றத்தில் பெரும் பேச்சாளராகி, 1788இல் மன்னரின் ஆணைகளை எதிர்த்துச் சிறை சென்றான். மக்கள் அவனை வீரனாகக் கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டே காற்று திசை மாறியது. மன்னர் பக்கம் நின்று பேசியதால் அதே மக்களின் வெறுப்புக்கு ஆளானான். 1794 ஏப்ரல் 22 அன்று, அரசியலில் தன்னோடு நேரெதிராக நின்ற லெ ஷாப்லியே உயிரிழந்த அதே கில்லட்டினில், புதுச்சேரியில் பிறந்த ழான் அல்பேரின் பேரனும் தலை கொடுத்தான்.