கிரேவன் காட்டேஜ்: தேம்ஸ் கரையில, மரச் சேர்ல உட்கார்ந்து ஒரு மேட்ச்

வணக்கம் மக்களே. இப்ப நாம நிக்கிறது லண்டன், ஸ்டீவனேஜ் ரோடு. பின்னாடி இந்தச் செங்கல் சுவரைப் பாருங்க. எதிர்ப்பக்கம் வரிசையா வீடுங்க, வாசல்ல குப்பைத் தொட்டி, நிறுத்தின கார். பழைய ஸ்கூல் கட்டடம் மாதிரி அமைதியா இருக்குல்ல? மேல பாருங்க, முக்கோண முகப்புல "ஃபுல்ஹாம் ஃபுட்பால் கிளப்"னு எழுதியிருக்கு. இதுதான் அவங்களோட மைதானம், கிரேவன் காட்டேஜ். இந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் பிரீமியர் லீக் மேட்ச் நடக்குது. லண்டனுக்கு டூர் வர்றீங்க, ஒரே ஒரு மேட்ச்தான் பார்க்க முடியும்னா, பெரிய கிளப்போட மைதானத்தை விட்டுட்டு இங்க வாங்கன்னுதான் நான் சொல்வேன்.

முதல்ல வழி. இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஃபுல்ஹாம் மேட்ச்தானேன்னு ஃபுல்ஹாம் பிராட்வே ஸ்டேஷன்ல இறங்கிடாதீங்க. அது செல்சி கிளப்போட ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்துக்குப் போற ஸ்டேஷன். நீங்க இறங்க வேண்டியது அதுக்கு ரெண்டு ஸ்டேஷன் தள்ளி, புட்னி பிரிட்ஜ். லண்டன் அண்டர்கிரவுண்ட் ரயில்ல டிஸ்ட்ரிக்ட் லைன், மேப்ல பச்சை நிறம். ஏர்ல்ஸ் கோர்ட்ல இந்த லைன் பல பக்கம் பிரியுது. ஒரே பிளாட்ஃபார்ம்ல ரிச்மண்ட் போற வண்டியும் வரும், ஈலிங் பிராட்வே போற வண்டியும் வரும். முகப்புல "விம்பிள்டன்"னு போட்டிருந்தா மட்டும் ஏறுங்க.

டிக்கெட் எடுக்க வேண்டாம், பேங்க் கார்டை கேட்ல தட்டினாப் போதும். ஆனா இந்தியாவுல வாங்கின கார்டுல வெளிநாட்டு உபயோகம் தானா ஆன் ஆகியிருக்காது. பேங்க் ஆப்ல போய் "இன்டர்நேஷனல்", "கான்டாக்ட்லெஸ்" ரெண்டையும் ஊர்லயே ஆன் பண்ணிட்டு வாங்க. ஏறும்போது தட்டின அதே கார்டைத்தான் இறங்கும்போதும் தட்டணும். ஏறும்போது போன், இறங்கும்போது கார்டுன்னு மாத்தித் தட்டினா, அது ரெண்டு தனித்தனிப் பயணமாக் கணக்காகி காசு கூடப் போகும். குடும்பமா வந்தா ஆளுக்கு ஒரு கார்டு வேணும்.

புட்னி பிரிட்ஜ்ல இருந்து மைதானத்துக்கு நடந்து பதினஞ்சு, இருபது நிமிஷம். பகல் மேட்ச்னா தெரு வழியா போகாதீங்க, பிஷப்ஸ் பார்க் வழியா போங்க. பாலத்துக்கு அடியில புகுந்து, ஆல் செயின்ட்ஸ் சர்ச்சைத் தாண்டினா பார்க். இடது பக்கம் தேம்ஸ், வலது பக்கம் மரங்களுக்குப் பின்னாடி ஃபுல்ஹாம் பேலஸ். லண்டன் பிஷப்புகள் நூற்றாண்டுக் கணக்கா குடியிருந்த இடம் அது. ஆத்தோரமாவே நடந்தா மரத்துக்கு மேல ஃபிளட்லைட் தெரிய ஆரம்பிக்கும். இராத்திரி மேட்ச்னா கூட்டம் போற தெரு வழியிலயே போயிடுங்க.

இப்ப டிக்கெட். சீசன் அட்டவணை ஜூன்ல வரும். அதுல சனிக்கிழமை மதியம் மூணு மணின்னு போட்டிருக்கிறதை நம்பி ஃபிளைட் போட்டுடாதீங்க. டிவி கம்பெனிகள் பிற்பாடு தேர்ந்தெடுக்கிற மேட்ச் எல்லாம் வெள்ளி இராத்திரிக்கோ ஞாயிறுக்கோ திங்களுக்கோ நகரும். எதிரணி வியாழக்கிழமை ஐரோப்பியப் போட்டியில ஆடினாலும் ஞாயித்துக்கிழமைக்குப் போயிடும். அதனால வெள்ளியில இருந்து திங்கள் வரைக்கும் லண்டன்லயே இருக்கிற மாதிரி திட்டம் போடுங்க. எடின்பரோ, பாரிஸ் எல்லாம் வார நடுவுல வெச்சுக்கலாம்.

வாங்குறது கிளப்போட வெப்சைட்ல மட்டும். உறுப்பினர்களுக்கு முதல்ல கொடுத்துட்டு, மிச்சத்தைப் பொதுவா விப்பாங்க. ஆர்சனல், லிவர்பூல், செல்சி மாதிரி டீம் வரும்போது பொது விற்பனை வரைக்கும் மிஞ்சுறது கஷ்டம். நடுத்தர டீம் வர்ற மேட்ச்சைப் பிடிங்க. மைதானமும் சத்தமும் மாறப் போறதில்ல. தெருவுல விக்கிறவங்ககிட்டயோ, முன்பின் தெரியாத சைட்லயோ வாங்காதீங்க. இங்கிலாந்துல கால்பந்து டிக்கெட்டை அனுமதி இல்லாம மறுவிற்பனை பண்றது 1994 சட்டப்படி குற்றம். கிளப் அந்த டிக்கெட்டை ரத்து பண்ணிட்டா வாசல்லயே நிறுத்திடுவாங்க, காசும் திரும்பாது.

டிக்கெட் போன்லதான் வரும். ஹோட்டல் வைஃபைல இருக்கும்போதே வாலட்ல இறக்கி வெச்சுக்குங்க. ஆயிரக்கணக்கான பேர் ஒரே தெருவுல நிக்கும்போது நெட் இழுக்காது. பவர் பேங்க் சின்னதா ஒண்ணு வெச்சுக்குங்க. பை கொண்டு வந்தா ஏ4 தாள் அளவுக்குள்ள இருக்கணும், லென்ஸ் கழட்டுற கேமரா வேண்டவே வேண்டாம். ஆட்டத்தை எடுத்து நெட்ல போடவும் உரிமை கிடையாது. அதனாலதான் இந்த வீடியோல ஆட்டம் வராது.

சரி, எந்த சீட்? நான் இங்க வரச் சொல்றதே இதுக்காகத்தான். இந்தச் சுவருக்குப் பின்னாடி இருக்கிறது ஜானி ஹெய்ன்ஸ் ஸ்டாண்ட், ஃபுல்ஹாமோட பழைய ஆட்டக்காரர் ஒருத்தர் பேரு. 1905ல ஆர்ச்சிபால்ட் லீச்னு ஒரு ஸ்காட்லாந்து எஞ்ஜினியர் கட்டினது. அவர் வடிவமைச்ச கிளாஸ்கோ ஐப்ராக்ஸ் மைதானத்துல 1902ல மரத்தட்டு உடைஞ்சு 25 பேர் இறந்துபோனாங்க. அதுக்கப்புறம் நின்னு பார்க்கிற தட்டுகளை மண்மேடு மேல கட்டுற முறைக்கு அவர் மாறினார். மூணே வருஷத்துல இங்க வந்து வேலை செஞ்சிருக்கார். இன்னைக்கு பிரீமியர் லீக்ல இருக்கிற ஸ்டாண்ட்கள்லயே பழசு இதுதான்.

மேல் தட்டுல இன்னும் அந்தக் காலத்து மரச் சேர்தான். மடக்குப் பலகை, கையால இறக்கிவிட்டு உட்காரணும், எழுந்தா "டக்"குனு மேல போகும். கோல் விழுந்து எல்லாரும் ஒண்ணா எழுந்திரிக்கும்போது அந்த மரச் சத்தம் ஸ்டாண்ட் முழுக்க ஓடும். அதுக்காகவே மேல உட்காரலாம். ஆனா சேர் குறுகல், முன் வரிசை முழங்காலை இடிக்கும். ஆறடி ஆளுங்க நடைபாதை ஓர சீட்டைப் பாருங்க.

அடுத்து, தூண். கூரையைத் தாங்குறது வரிசையா நிக்கிற இரும்புத் தூண்கள். கட்டடம் இரண்டாம் தரப் பாரம்பரியப் பட்டியல்ல இருக்கிறதால அதைப் பிடுங்கிட்டு நவீனக் கூரை போட வழியில்ல. சீட் எடுக்கும்போது "ரெஸ்ட்ரிக்டட் வியூ"னு போட்டிருந்தா விலை மலிவுன்னு அவசரப்படாதீங்க, ஒரு கோல் கம்பமே தூணுக்குப் பின்னாடி போயிடலாம். தூண் பின் வரிசைக்காரங்களைத்தான் மறைக்கும், அதனால மேல் தட்டுல எவ்வளவு முன் வரிசை கிடைக்குதோ அவ்வளவு நல்லது. கீழ்த்தட்டுல தூண் தொல்லை கிடையாது, ஆட்டக்காரங்க பேசுறதே காதுல விழும். ஆனா முன் வரிசைகள் மழைக்கு நனையும். இந்த ஸ்டாண்ட் மேற்கே பார்த்து இருக்கு, ஆகஸ்ட், செப்டம்பர் சாயங்காலம் வெயில் நேரா கண்ல அடிக்கும். தொப்பி எடுத்துக்குங்க. குளிர் மாசத்துல ஆத்துக் காத்து ஆளை உறைய வைக்கும், கையுறை அவசியம்.

இந்த ஸ்டாண்டும், ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னாடி இருக்கிற புட்னி எண்ட் ஸ்டாண்டும் சேர்ற மூலையில பாருங்க, பால்கனி வெச்ச ஒரு குட்டி வீடு. அதுதான் காட்டேஜ், அதுவும் லீச் கட்டினதுதான். மைதானத்துக்குப் பேர் கொடுத்த ஒரிஜினல் வீடு 1780ல கிரேவன் பிரபு கட்டினது, 1888ல எரிஞ்சு போச்சு. ஆட்டக்காரங்க உடை மாத்துறது இந்த வீட்டுக்குள்ளதான். அதனால மத்த மைதானம் மாதிரி நடுக்கோட்டுப் பக்கத்துல இருந்து வராம, மூலையில இருந்து நடந்து வருவாங்க. ஒன்றரை மணி நேரம் முன்னாடி வந்தீங்கன்னா வார்ம்-அப்புக்கு வெளிய வர்றதையே பார்த்துடலாம்.

எதிர் கோல் கம்பத்துக்குப் பின்னாடி இருக்கிற ஹேமர்ஸ்மித் எண்ட் தீவிர உள்ளூர் ரசிகர்களோட இடம். அங்க எதிரணி ஜெர்சியோட போனா வெளிய அனுப்பிடுவாங்க. வெளியூர் ரசிகர்கள் புட்னி எண்ட்ல. ரெண்டு பக்கமும் சாராதவங்களுக்குன்னு அங்கயே நியூட்ரல் பகுதி வெச்சிருக்கிறது இந்த மைதானத்தோட தனிப் பழக்கம். டிக்கெட் பக்கத்துல அது திறந்திருக்கான்னு பாருங்க, முதல் தடவை வர்றவங்களுக்கு ரொம்ப வசதி. ஆத்தோர ரிவர்சைட் ஸ்டாண்டை 2019ல இடிச்சுப் புதுசாக் கட்டினாங்க. சொகுசும் ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி. என்னைக் கேட்டா, அதுல உட்கார்றதை விட எதிர்ல உட்கார்ந்து அதைப் பார்க்கலாம்.

உள்ள பீர் விப்பாங்க, ஆனா ஆடுகளம் கண்ணுல படுற எந்த இடத்துலயும் குடிக்கக் கூடாது, 1985 சட்டம். கையில கிளாஸோட சீட்டுக்கு நடந்தா தடுத்துடுவாங்க.

வெளிய ஜானி ஹெய்ன்ஸ் சிலையைப் பார்க்காம போகாதீங்க. ஃபுல்ஹாமுக்காக 658 ஆட்டம் ஆடினவர். வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல சம்பளம் தரக் கூடாதுங்கிற விதி 1961ல ஒழிஞ்சதும், இந்தக் கிளப் அவருக்கு 100 பவுண்டு கொடுத்துச்சு. பெரிய கிளப் எவ்வளவோ இருந்தும் இங்கிலாந்துல கடைசி வரைக்கும் இங்கயேதான் ஆடினார்.

மேட்ச் முடிஞ்சதும் எல்லாரும் புட்னி பிரிட்ஜுக்குத்தான் ஓடுவாங்க. சின்ன ஸ்டேஷன், வாசல்ல நிறுத்தி நிறுத்தித்தான் உள்ள விடுவாங்க. பஸ்ஸும் டிராஃபிக்ல நிக்கும். பாலத்தைத் தாண்டி அந்தக் கரையில புட்னி ரயில் ஸ்டேஷனுக்கு நடங்க, அங்க இருந்து வாட்டர்லூவுக்கு நேர் வண்டி. ஹீத்ரோ பக்கமோ மத்திய லண்டனோ போறவங்க எதிர்த் திசையில ஹேமர்ஸ்மித்துக்கு நடங்க, அரை மணி நேரத்துக்குள்ள பிக்கடிலி லைன் கிடைச்சிடும். குழந்தைங்களோட வந்திருந்தா கூட்டத்தோட முட்ட வேண்டாம், மைதானம் காலியாகிற வரைக்கும் சீட்லயே உட்கார்ந்திருந்துட்டு, ஊழியர்கள் கிளம்பச் சொல்லும்போது எழுந்து வாங்க.