பால் கணக்கில் சில புள்ளிகள்

வணக்கம் நேயர்களே. வானொலியில் பேசப் போகிறேன் என்றதும் என் மைத்துனர், "எதைப் பத்தி அத்தான்?" என்று கேட்டார். "வயசான நாயைப் பத்தி" என்றேன். "நாயைப் பத்தியா? கால் மணி நேரமா?" என்று சிரித்தார். அவர் வீட்டிலும் பதினோரு வயதில் ஒரு நாய் இருக்கிறது. அது வாசல்படி ஏற யோசித்துக்கொண்டு நிற்பதைப் போன வாரம்தான் பார்த்தேன். அதனால் அவரும் ரேடியோவைப் போட்டுக் கேட்டால் நல்லது.

நான் அரசு கால்நடை மருந்தகங்களில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்கள். மாடும் ஆடும் கோழியும்தான் எங்கள் பிழைப்பு. சினை ஊசி, கோமாரி தடுப்பூசி, கன்று போட முடியாமல் தவிக்கும் பசு என்று நேரம் போய்விடும். நாய் என்றால் யாரையாவது கடித்த நாய், இல்லாவிட்டால் வெறி பிடித்திருக்குமோ என்று பயப்படுகிற நாய். கிழ நாயை வைத்தியத்துக்கு யாரும் தூக்கிக்கொண்டு வந்ததாக முதல் பத்து வருஷத்தில் எனக்கு நினைவே இல்லை. அது ஒரு மூலையில் படுக்கும், பிறகு ஒரு நாள் காணாமல் போகும். "எங்கேயாவது போய்ச் செத்திருக்கும்" என்பார்கள். இப்போது ஆட்டோவில் போர்வை சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆனாலும் ஒரு சொல் மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் மாறவில்லை: "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்."

அந்தச் சொல்லை நானே சொல்லியிருக்கிறேன், அதுவும் என் வீட்டு நாய்க்கு. அவள் பெயர் செவலை. ஜாதி நாய் எல்லாம் கிடையாது, தெருவில் மழைக்கு ஒதுங்கிய குட்டி. பன்னிரண்டு வயதில் ஒரு நாள் திண்ணை ஏறாமல் கீழேயே படுத்துக்கொண்டாள். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "வயசாயிடுச்சுல்ல" என்றேன். என் மனைவிதான், "ஏங்க, முட்டி வலிக்குதோ என்னமோ, தொட்டுத்தான் பாருங்களேன். ஊர் மாட்டுக்கெல்லாம் பாக்கிறீங்க" என்றாள். தொட்டுப் பார்த்தேன். பின்னங்காலை மடக்கியதும் முகத்தைத் திருப்பி என் கையை மெல்ல வாயில் கவ்வினாள். கடிக்கவில்லை, கவ்வினாள். அவ்வளவு வலி இருந்திருக்கிறது. மூட்டுத் தேய்மானம். ராமையன்பட்டியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தோம். எடையைக் குறைத்தோம், நாய்க்கென்றே இருக்கிற வலி மருந்தைக் கொடுத்தோம். மூன்றாவது வாரம் திண்ணையில் ஏறிப் படுத்திருந்தாள். பேப்பர் படித்துக்கொண்டு இருந்த என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

நாய் வலியென்று கத்தாது. அடிபட்டால் கத்தும், மாதக்கணக்கில் இருக்கிற வலிக்குக் கத்தாது. படி ஏறத் தயங்கும், எழுந்திருக்கும்போது முன்னங்காலை மட்டும் ஊன்றி இழுக்கும், ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கும், ராத்திரி காரணமில்லாமல் இரைக்கும். பின்னங்கால் நகத்தைப் பாருங்கள். நகத்தின் மேல்பக்கம் தேய்ந்திருந்தால் காலை இழுத்துக்கொண்டு நடக்கிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க டாக்டர் வேண்டாம், குளிப்பாட்டும்போது பார்த்தாலே போதும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிடுகிறேன். வலிக்கிறது என்று தெரிந்ததும் நம் வீட்டு மாத்திரை டப்பாவைத் திறக்காதீர்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பாராசிட்டமால் அளவு தப்பினால் ஈரலைத் தாக்கும். "பாதி மாத்திரைதான் சார் கொடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டு, கறுப்பாக வாந்தி எடுக்கிற நாயைத் தூக்கி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாசத்தில் கொடுத்ததுதான். ஆனால் அந்தப் பாசத்துக்கு மாற்று மருந்து என்னிடம் இருக்கவில்லை.

நாய்க்கு ஒரு வயது என்றால் மனிதனுக்கு ஏழு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது சரியில்லை. கலிஃபோர்னியாவில் லாப்ரடார் நாய்களின் மரபணுவில் வயதோடு சேர்கிற மாற்றங்களை ஆராய்ந்து 2020இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அதன்படி ஒரு வயது நாய் முப்பது வயது ஆளுக்குச் சமம். அப்புறம் வேகம் குறைந்துவிடும். பதினான்கு வயது என்றால் ஏறக்குறைய 73. செவலை நாட்டு நாய், அதனால் அந்தக் கணக்கு அவளுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் போட்டுப் பார்த்தேன். எனக்கு அக்கா முறை வந்தது.

முதுமையிலேயே சில மாற்றங்கள் பயப்பட வேண்டாதவை. கண்மணியில் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் தெரியும். "பூ விழுந்துடுச்சு" என்று ஓடி வருவார்கள். பெரும்பாலும் அது லென்ஸ் இறுகுவதால் வருவது, பார்வை அதிகம் போகாது. பால் மாதிரி வெள்ளையாக இருந்தால்தான் புரை. காது கேட்காமல் போனால் தரையைக் காலால் தட்டிக் கூப்பிட வேண்டும், அதிர்வு தெரிந்து திரும்பும். டைல்ஸ் தரைதான் கிழ நாய்க்குப் பெரிய எதிரி. புது வீடு கட்டி வழுவழுவென்று தரை போட்டுவிட்டு, நாய் ஏன் சமையலறைப் பக்கமே வருவதில்லை என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் பழைய சணல் சாக்குகளைத் தைத்து வாசலிலிருந்து தண்ணீர்ச் சட்டி வரைக்கும் பாதை போட்டோம். கல்யாண வீட்டுக் கம்பளம் மாதிரி அதன் மேலேயே நடப்பாள், இறங்க மாட்டாள்.

ஆனால் திடீரென்று தண்ணீர் நிறையக் குடித்தால் விடாதீர்கள். சிறுநீரகமாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம். கருத்தடை செய்யாத பெட்டை நாய் என்றால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அது அன்றைக்கே பார்க்க வேண்டியது, நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

பதினான்கு வயதில் செவலைக்கு வேறொன்று தொடங்கியது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நடப்பாள். சுவரைப் பார்த்து நிற்பாள். ஒரு நாள் வெளியே போக வேண்டும் என்று கதவருகே நின்றாள். நான் போய்க் கதவைத் திறந்தேன். அவள் நின்றதோ கீல் இருக்கிற பக்கம். கதவு திறந்து கிடக்கிறது, அவள் கீல் பக்கத்து இடுக்கைப் பார்த்துக்கொண்டு வாலை ஆட்டுகிறாள். பன்னிரண்டு, பதிமூன்று வருஷமாகப் போய்வந்த கதவு. படித்த படிப்பில் இந்த அறிகுறியை நான் அறிவேன். நாய்க்கும் மறதி நோய் உண்டு. 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பதினொன்று, பன்னிரண்டு வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், பதினைந்து, பதினாறு வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் இப்படி ஏதாவது ஓர் அறிகுறியாவது இருந்தது. எல்லாம் தெரியும். தெரிந்தும் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

மறதிக்கு முழுக் குணம் கிடையாது. நாற்காலி, கட்டிலை இடம் மாற்றாமல் இருந்தோம். ராத்திரி ஒரு ஜீரோ வாட் பல்பு எரிந்தது. சாயங்காலம் கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிப்போனால் ராத்திரி அலைவது குறைந்தது. குறைந்தது என்றால் நான்கு முறைக்குப் பதில் இரண்டு முறை. வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. எரிச்சல் வரும். ஒரு தடவை அதட்டியும் விட்டேன். வயசான தாய் தகப்பனைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இந்த எரிச்சலும், அதன் பின்னால் வருகிற வெட்கமும் புரியும்.

அடுத்து வருவதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. எப்போது போதும் என்று முடிவெடுப்பது? அலைஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். 35க்கு மேல் இருந்தால் இன்னும் தொடரலாம். இந்தத் தாளை நான் பலருக்குக் கொடுத்திருக்கிறேன். என் நாய்க்கு மார்க் போட உட்கார்ந்தபோது எனக்குத் தினமும் 40 வந்தது. கை தானாகத் தாராளமாகிவிடுகிறது.

என் மனைவி மார்க்கெல்லாம் போடவில்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில் மாதக் காலண்டரில்தான் பால் கணக்கு. ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் என்று தேதிக் கட்டத்தில் எழுதுவாள். அதே கட்டத்தில், செவலை தானாக எழுந்து வந்து சாப்பிட்ட நாளுக்கு மூலையில் ஒரு புள்ளி வைத்திருக்கிறாள். எனக்கு அது தெரியவே தெரியாது. ஒரு நாள் காலண்டரைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். தை மாதப் பக்கத்தில் 22 புள்ளி. அடுத்த பக்கத்தில் ஒன்பது. அதற்கடுத்த பக்கத்தில் பதினைந்து தேதி ஆகியும் ஒன்றே ஒன்று.

"நீங்களே சொல்லுங்க" என்றாள்.

இரண்டு வாரம் தாமதித்துவிட்டேன் என்று அன்றைக்கே தெரிந்தது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். சீக்கிரம் செய்துவிட்டோமோ என்று அழுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சரியான நாளில் செய்தோம் என்று நிம்மதியாகச் சொன்ன ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

கருணைக்கொலை என்ற சொல் எனக்குப் பிடிக்காது. ஆனால் அன்று என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது, யாரும் சொல்வதில்லை. முதலில் ஓர் ஊசி, மயக்கம் வரும். நன்றாக அயர்ந்த பிறகு மயக்க மருந்தே மிக அதிக அளவில் ரத்தக் குழாயில் ஏறும். சில நிமிஷத்தில் இதயம் நிற்கும். கண் மூடாது, திறந்தேதான் இருக்கும். இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பது போலத் தெரியலாம், சிறுநீர் பிரியலாம். அது வேதனை அல்ல. இதை முன்பே சொல்லாததால், "உயிர் போகலையோ" என்று வருஷக்கணக்கில் மருகியவர்கள் உண்டு. எத்தனையோ வீடுகளில் இந்த ஊசியைப் போட்டவன் நான். செவலைக்கு என்னால் முடியவில்லை. என்னிடம் வேலை பழகிய ஒரு தம்பி வந்து போட்டார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

புதைப்பதாக இருந்தால் நான்கு அடியாவது தோண்டுங்கள், கிணற்றிலிருந்து தள்ளி. அந்த மருந்து உடம்பிலேயே தங்கியிருக்கும். வேறு நாயோ காகமோ கிளறித் தின்றால் அதுவும் செத்துப்போகும். வீட்டுப் பிள்ளைகளிடம் "தூங்கப் போட்டுட்டோம்" என்று சொல்லாதீர்கள். ராத்திரி தூங்கப் பயப்படுவார்கள். "ஊருக்கு அனுப்பிட்டோம்" என்றால் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். என் பேத்திக்கு ஆறு வயது. "செத்துப்போயிட்டா, இனிமே வர மாட்டா" என்றுதான் சொன்னோம். கொஞ்சம் அழுதாள். அப்புறம், "அவ தட்டை யார் கழுவுவா தாத்தா?" என்று கேட்டுவிட்டு அவளே கழுவி வைத்தாள்.

இனி மைத்துனர் சிரித்த சிரிப்புக்கு வருகிறேன். "நாய்தானே." மனிதர் போனால் லீவு உண்டு, பந்தல் உண்டு, பதினாறாம் நாள் உண்டு, வருகிறவர் போகிறவர் துக்கம் கேட்பார்கள். நாய் போனால் மறுநாள் காலையில் குளித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும். சாப்பிட்டு முடிக்கும்போது கடைசி உருண்டையைக் கை தனியாக ஒதுக்கும், கொடுக்க ஆள் இருக்காது. இதைச் சொன்னால் சிரிப்பார்களோ என்று பேசாமல் இருந்துவிடுவோம்.

அப்படிச் சிரிக்கிறவர்கள் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் இருக்கிற நடுகல்லைப் போய்ப் பார்க்க வேண்டும். மகேந்திரவர்ம பல்லவன் காலம், அவனுடைய 34ஆம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கச் சண்டையிட்டு இறந்த ஒரு வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனுக்குப் பின்னால் ஒரு நாயும் நிற்கிறது. நாய் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதியிருக்கிறார்கள். 1,400 வருஷத்துக்கு முன்னால் உளி பிடித்த ஒருவர், இடம் போதாது என்று அந்தப் பெயரை விட்டிருக்கலாம். விடவில்லை.

செவலைக்கு நாங்கள் கல்லெல்லாம் நடவில்லை. பின்பக்கத்து வேப்பமரத்தடியில் மண் மேடு ஒன்றுதான் இருக்கிறது.

அந்த மாதக் கடைசியில் பால்காரர் கணக்குப் பார்க்க வந்தார். காலண்டரை எடுத்து விரலால் கூட்டிக்கொண்டே வந்தவர், "இது என்ன சார் புள்ளி புள்ளியா? எனக்கு ஏதும் பாக்கியா?" என்றார். மனைவி சொன்னாள். அவர் ஒன்றும் பேசவில்லை. பணத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வழக்கமாகப் போகும் முன்வாசலை விட்டுப் பின்பக்கமாகப் போனார். வேப்பமரத்தடியில் தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.